தாமாராவுக்குச் சொர்க்கம், அவனுக்கு மட்டும் ஏன் இல்லை?

சாம்பல்சிறகு:
ரஷ்யக் கவிஞர் மிகைல் லெர்மன்தோவ் 14 வயதில், 1829இல், தொடங்கிப் பத்து ஆண்டுகள் திருத்திக்கொண்டே இருந்த நெடுங்கவிதை ‘பிசாசு’. விண்ணிலிருந்து தள்ளப்பட்டுப் பிசாசான தேவதூதன் ஒருவன், ஜார்ஜிய மலைநாட்டுத் தாமாராவைக் கண்டு மயங்குகிறான். அவளுடைய மாப்பிள்ளை கல்யாணத்துக்கு வரும் வழியில் கொல்லப்பட, அவள் கன்னிமடம் புகுகிறாள். இவன் அங்கேயும் வந்து, விண்ணோடு சமாதானமாக வேண்டும், அன்பு செய்ய வேண்டும், பிரார்த்திக்க வேண்டும் என்கிறான். ஒரு முத்தம், அதன் நஞ்சில் அவள் இறக்கிறாள். அவள் துன்பப்பட்டாள், நேசித்தாள், அதனால் சொர்க்கம் திறந்தது என்று சொல்லித் தேவதூதன் அவள் ஆன்மாவைக் கொண்டுபோகிறான். அதே நேசம் இவனுக்கு மட்டும் ஏன் செல்லாக்காசு? எனக்கு இது ஓரவஞ்சனையாகவே படுகிறது.

மலைப்பாதை:
மாப்பிள்ளை ‘கொல்லப்பட’ என்று ஒரே சொல்லில் தாண்டிவிட்டீர்களே! பாதையோரம் ஒரு சிற்றாலயம். வழிப்போக்கர்கள் நின்று வேண்டிக்கொண்டு போவது வழக்கம். அன்று அவன் நிற்கவில்லை. மணப்பெண்ணை முத்தமிடும் கனவை அவன் மனத்தில் ஏற்றி, நிற்கவிடாமல் செய்தவன் உங்கள் காதலன்தான். கொள்ளையர் சுடுகிறார்கள். குதிரை மட்டும் எசமானின் பிணத்தைச் சுமந்தபடி கல்யாண வீட்டு வாசலுக்கு வந்து சேர்கிறது. அழுகிற பெண்ணின் காதில் ஆறுதல் சொல்லவும் இவனே வருகிறான்! பிற்பாடு மடத்தில் அவ்வளவு பேசினானே, இந்தக் கொலையைப் பற்றி வாய் திறந்தானா?

சாம்பல்சிறகு:
அது பாவம்தான், மறுக்கவில்லை. ஆனால் மடத்துக் காட்சியைத் திரும்பப் படியுங்கள். அறைக்கு வெளியே பாட்டுக் கேட்டு நிற்கிறான். அஞ்சித் திரும்பிவிடப் பார்க்கிறான், சிறகு அசையவில்லை. கண்ணிலிருந்து ஒரு துளி விழுந்து கல்லை எரித்துத் துளைக்கிறது. நன்மைக்கு மனத்தைத் திறந்துகொண்டுதான் உள்ளே போகிறான். அங்கே காவல் தூதன் அவனை எதிர்கொண்டது கடிந்துரையோடு. அதன்பிறகே பழைய பகை விழிக்கிறது. ‘இவள் என்னுடையவள்’ என்றதும் தூதன் என்ன செய்தான்? சோகமாக ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பறந்துபோனான்! காவலை விட்டுப் போனவனுக்குக் கடைசியில் அவளைத் தூக்கிப்போக என்ன உரிமை?

நெடுவாசிப்பு:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். வீழ்ந்த தூதருக்கு மன்னிப்பு உண்டா என்பது திருச்சபையிலேயே இருந்த பழைய வழக்கு. மனிதருக்கு மரணம் எப்படியோ தூதருக்கு வீழ்ச்சி அப்படி, அதற்குப்பின் மனந்திரும்புதல் கிடையாது என்றார் 8ஆம் நூற்றாண்டின் இறையியலாளர் டமாஸ்கஸ் யோவான். அதற்கு முந்தைய நூற்றாண்டில் நினிவே ஈசாக்கு என்ற துறவி, இரக்கமுள்ள நெஞ்சு பேய்களுக்காகவும் எரியும் என்று எழுதியிருந்தார். நான் ஈசாக்கின் பக்கம்.

மலைப்பாதை:
அக்கா, இரக்கப்படுவது வேறு, பெண்ணைக் கொடுப்பது வேறு. தூதன் விட்டுப்போனதற்கு நானும் வாதாட மாட்டேன். ஆனால் அவள் இறந்தபின் இவன் எதிரே வந்து சொன்னது என்ன? மறுபடியும் ‘அவள் என்னுடையவள்’! கொன்றுவிட்டோமே என்ற துக்கம் துளியும் இல்லை. படைப்பின் முதல் நாள்மீதும் கடைசி நாள்மீதும் ஆணையிட்ட வாய் அது. தாமாராவோ அஞ்சி நடுங்கித் தூதனின் மார்பில் ஒண்டிக்கொள்கிறாள். அவள் பதிலைச் சொல்லிவிட்டாள்; நாம்தான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

சாம்பல்சிறகு:
அந்த ஒண்டுதலுக்கு என்னிடம் பதில் இல்லை. ரஷ்ய ஓவியர் விரூபெல் 1902இல் இந்தப் பிசாசைத் தீட்டிய ‘வீழ்ந்த பிசாசு’ ஓவியத்தைக் கண்காட்சியில் மாட்டிய பிறகும், காலை வேளைகளில் வந்து அந்த முகத்தை மாற்றி மாற்றி வரைந்தார். எனக்கும் அந்த முகம் பிடிபடவில்லை. ஆனால் எரிந்த கல்லை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மலைப்பாதை:
கல்லை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் குதிரை போதும்.