மறு: ‘குவில்ட்’ என்பதற்குத் தமிழ்ச்சொல்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

இழையைத் தொடங்கிவிட்டு ஐந்து நாளாக நான் பேசாமல் இருந்தேன். வந்த மடல்களை அச்செடுத்து வைத்து இரண்டு முறை படித்தேன். அமெரிக்க நாட்டார் கலைகள் பற்றிய கட்டுரையை மொழிபெயர்க்கும்போது, நடுவில் பஞ்சு வைத்துத் தைத்த போர்வையைக் குறிக்கும் ‘குவில்ட்’ என்ற இந்த ஒரு சொல்லில்தான் மாட்டிக்கொண்டேன். மற்றவற்றை எப்படியோ சமாளித்துவிட்டேன், இதையும் அப்படி ஒப்பேற்றினால் கட்டுரையே கெட்டுவிடும். ஒவ்வொரு பரிந்துரைக்கும் என் பதிலையும், கடைசியில் என் சொல்லையும் வைக்கிறேன்.

> பேசாமல் ‘கில்ட்’ என்றே எழுதலாம். ஸ்வெட்டர், ஜீன்ஸ் எல்லாம் அப்படித்தானே வந்தன?

தம்பி, ‘கில்ட்’ என்று எழுதினால் நம் ஊரில் யாருக்கும் போர்வை நினைவுக்கு வராது. கில்ட் நகைதான் வரும், அதாவது தங்கமுலாம் பூசியது, போலி. ‘குவில்ட்’ என்று எழுதினால் அந்தக் குழப்பம் இல்லை, ஆனால் வாசகருக்கு ஒன்றும் புரியாது. ஸ்வெட்டரைப் போட்டுப் பார்த்த பிறகு அந்தச் சொல் நமக்குப் பழகியது. இதை நம்மில் பலர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பார்க்காத பொருளுக்குச் சொல்தான் முதல் படம்.

> ‘துண்டுப்போர்வை’ எளிதாக இருக்கிறது.

எளிதுதான். ஆனால் துண்டு என்றதும் தோளில் போடும் துண்டு வந்து நிற்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல், குவில்ட் என்றாலே பல துணித்துண்டுகளைச் சேர்த்தது என்று நாம் எல்லோரும் எடுத்துக்கொண்டது. நானும் முதல் மடலில் அப்படித்தான் எழுதினேன், அது தவறு.

அது எப்படிச் செய்யப்படுகிறது என்று பாருங்கள். மேலே ஒரு துணி, நடுவில் பஞ்சு, அடியில் இன்னொரு துணி. மூன்றும் நகராமல் இருக்க மூன்றையும் சேர்த்து ஊசியால் நூலோட்டுகிறார்கள். ஆங்கிலத்தில் அந்த நூலோட்டத்துக்குத்தான் குவில்டிங் என்று பெயர். இலவம்பஞ்சு மெத்தை தைப்பவர் பஞ்சு ஒருபக்கம் ஒதுங்காமல் இருக்க இடையிடையே நூல் கோத்து முடிச்சுப் போடுவாரே, அதற்கும் இதற்கும் காரணம் ஒன்றுதான். மேல்துணியைத் துண்டுகளால் ஆக்குவது அதற்கு முந்தைய வேறொரு வேலை. அதற்குத் தனிப்பெயர் இருக்கிறது. மேல்துணி ஒரே துணியாகவும் இருக்கலாம்.

ஹவாயைப் பாருங்கள். 1820-இல் அமெரிக்க மதபோதகர்களின் மனைவிமார் அங்கே போய் அரச குடும்பப் பெண்களுக்கு இந்தத் தையலைக் கற்றுக்கொடுத்தார்கள். ஹவாய்ப் பெண்கள் அதைத் தங்கள் வழிக்குக் கொண்டுவந்தார்கள். ஒரே பெரிய துணியை எட்டாக மடித்து, ஈரப்பலா இலை போன்ற வடிவத்தை ஒரே வெட்டில் வெட்டி, விரித்து, வேறு நிறத் துணியின்மேல் வைத்துத் தைக்கிறார்கள். பிறகு அந்த இலையின் ஓரத்தைத் தொடர்ந்து, குளத்தில் கல் விழுந்த இடத்திலிருந்து அலை விரிவதுபோல வரிசை வரிசையாக நூலோட்டுகிறார்கள். துண்டு துண்டாகச் சேர்க்கும் வேலை அதில் இல்லை. அதைத் ‘துண்டுப்போர்வை’ என்று எப்படிச் சொல்வது?

நமக்கு வேண்டிய பாடம் ஒன்றும் அங்கேயே இருக்கிறது. ஹவாய் மக்கள் இதற்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? கப்பா. மரப்பட்டையை அடித்து மெல்லியதாக்கிச் செய்யும் அவர்களுடைய பழைய துணிக்கு அதுதான் பெயர். அந்தப் பட்டைத்துணிகள் பலவற்றை அடுக்கி ஓர் ஓரத்தில் தைத்து, மேலே மட்டும் அழகாக அச்சிட்ட ஒரு துணியைப் போட்டு அவர்கள் ஏற்கெனவே போர்த்திக்கொண்டு தூங்கினார்கள். புதுப்பொருளும் அடுக்கு, மேலே அழகு. பழைய பெயரையே அதற்குக் கொடுத்துவிட்டார்கள். கலைச்சொல் ஆக்குவதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

> ஐயமே வேண்டாம், ‘கந்தைப்போர்வை’. வங்காளத்தில் காந்தா என்கிறார்கள். கந்தை நம் சொல்லும்கூட.

ஐயா, நீங்கள் சொன்ன உறவு சரிதான். எங்கள் அம்மாச்சியும் பழைய பருத்திச் சேலைகளை நாலாக மடித்து, ஓரம் பிடித்துத் தைத்துப் பிள்ளைகளுக்கு விரிப்பார். அவர் வாயிலும் கந்தை என்ற சொல்தான் வரும். ஆனால் இன்றைய எழுத்துத் தமிழில் கந்தை என்றால் எறிய வேண்டியது, இல்லாமையின் அடையாளம். அந்தச் சொல்லை நான் ஏன் மறுக்கிறேன் என்று விளக்க ஓர் ஊரின் கதையைச் சொல்ல வேண்டும்.

அலபாமா மாநிலத்தில் அலபாமா ஆறு மூன்று பக்கமும் சுற்றி வளைத்த ஒரு நிலம், ஜீஸ் பெண்ட். 1816-இல் ஜோசப் ஜீ என்பவர் அங்கே பருத்தித் தோட்டம் போட்டார், அவர் பெயர்தான் ஊருக்கும். 1845-இல் அது மார்க் பெட்வே என்பவர் கைக்கு மாறியது. அடிமையாக வைக்கப்பட்டவர்களின் வாரிசுகள் பலருக்கு இன்றும் பெட்வே என்றுதான் குடும்பப்பெயர். அங்குள்ள பெண்கள் தைத்த போர்வைகள்தான் 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் சுவரில் தொங்கின. 2006-இல் அமெரிக்க அஞ்சல்துறை அவற்றில் பத்தைத் தபால்தலையாக வெளியிட்டது.

அந்தப் பத்தில் இல்லாவிட்டாலும் என்னால் மறக்க முடியாத போர்வை ஒன்று உண்டு. மிசூரி பெட்வே 1942-இல் தைத்தது. கணவர் இறந்துவிட்டார். அவர் வயலில் உடுத்திய கால்சட்டைகளையும் மேல்சட்டைகளையும் பிரித்து, நல்ல பகுதிகளை வெட்டி ஒன்றாக்கினார். அவரை நினைத்துக்கொள்ளவும், அந்த அன்புக்குள் போர்த்திக்கொண்டு படுக்கவுமே அம்மா அதைத் தைத்தார் என்று மகள் அர்லோன்சியா பின்னாளில் சொன்னார். அந்த ஊரின் வேலைத்துணிப் போர்வைகளை உற்றுப் பார்த்தால் வெளுத்த நீலத்தின் நடுவே ஒரு கருநீலக் கட்டம் தெரியும். கால்சட்டைப் பையைப் பிரித்தெடுத்த இடம் அது, வெயில் படாமல் இருந்த பகுதி. முழங்கால் தேய்ந்த இடமும் தெரியும். ஒரு மனிதர் குனிந்து நிமிர்ந்து உழைத்த தடம் அப்படியே துணியில் இருக்கிறது.

இதைக் கந்தை என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

> ‘ஒட்டுப்போர்வை’ - ஒட்டுப்போட்ட சட்டை என்கிறோமே.

அக்கா, இதுதான் என்னை அதிகம் இழுத்தது. ஒட்டுமாங்கனி என்று சொல்லும்போது ஒட்டு இழிவில்லை, இரண்டு உயிர் சேர்ந்து வளர்வது. ஆனால் துணி என்று வந்துவிட்டால், கிழிசலை மறைப்பதுதான் ஒட்டு. குவில்டில் மறைக்க வேண்டிய கிழிசல் எதுவும் இல்லை. துணிமேல் துணி வைத்துத் தைக்கும் வேலைக்கு, அதாவது தேரில் தொங்கும் தொம்பையில் நம்மவர்கள் செய்கிறார்களே அதற்கு, ‘ஒட்டுத்தையல்’ என்று இந்தச் சொல்லை ஒதுக்கிவைக்கலாம் என்று நினைக்கிறேன். ஹவாய் இலைக்கும் அது பொருந்தும். ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்த ஹேரியட் பவர்ஸ் 1885-86-இல் விவிலியக் காட்சிகளைப் பதினொரு கட்டங்களில் தைத்தாரே, வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தப் போர்வைக்கும் பொருந்தும்.

சரி, என் சொல்லுக்கு வருகிறேன்.

பொருநராற்றுப்படையில் கரிகாலனைப் பார்க்க வந்த பொருநனின் உடையைப் பற்றி ஒரு தொடர் வரும்: ‘வேற்றிழை நுழைந்த துன்னற் சிதாஅர்’. வேறு நூல்கள் புகுந்து தைத்த கந்தல் என்று பொருள். கரிகாலன் அதை நீக்கிவிட்டுப் பாம்புத்தோல் போன்ற மெல்லிய ஆடை கொடுக்கிறான். இங்கும் ஏழ்மைதானே என்று கேட்பீர்கள். ஏழ்மை ‘சிதார்’ என்ற சொல்லில் இருக்கிறது. ‘துன்னல்’ வெறும் தையல்தான். சிலப்பதிகாரப் புகார் வீதியில் ‘துன்னகாரர்’ என்று தையற்காரரைச் சொல்வதில் எந்தத் தாழ்வும் இல்லை.

துன்னுதல் என்பதற்கு நெருங்குதல் என்றும் பொருள் உண்டு. துன்னார் என்றால் பகைவர், அதாவது நெருங்காதவர். தைப்பதும் நெருங்குவதும் ஒரே வினையில் இருக்கின்றன. மூன்று அடுக்கும் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும்படி நூலோட்டுவதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான வினை கிடைக்குமா?

ஆகவே என் பரிந்துரை: குவில்ட் - துன்னற்போர்வை. குவில்டிங் - துன்னல். துண்டுகளைச் சேர்த்து மேல்துணி ஆக்குவது துண்டிணைப்பு. மூன்று அடுக்குக்கும் முகத்துணி, உள்பஞ்சு, அடித்துணி போதும், பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை.

‘குவில்டிங் பீ’ என்பதை ஒருவர் ‘தையல்தேனீ’ என்று எழுதியிருந்தார். அந்த ‘பீ’ பூச்சியைச் சொல்லவில்லை. அக்கம்பக்கத்தார் கூடி ஒரு வீட்டு வேலையை முடித்துக் கொடுப்பதற்கு அப்படிப் பெயர். சோளம் உரிக்கவும் அப்படித்தான் கூடுவார்கள். இதற்குத் ‘துன்னற்கூட்டம்’ என்றால் நெருங்கி உட்கார்ந்து தைப்பது என்ற இரண்டு பொருளும் வந்துவிடுகிறது. இந்தச் சொல்லை நான் அலங்காரத்துக்காகத் தேடவில்லை, கட்டுரைக்கே இது தேவை. ஜீஸ் பெண்டின் கறுப்பின மக்கள் ஆற்றைக் கடந்து கேம்டன் நகருக்குப் போய் வாக்காளராகப் பதிவு செய்ய முயன்ற காலத்தில், 1962-இல், படகுப்போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அது திரும்ப ஓடியது 2006-இல்தான். அந்த நடுக்காலத்தில், 1966-இல், அந்தப் பகுதிப் பெண்கள் போர்வை தைத்து விற்க ஒரு கூட்டுறவை உருவாக்கினார்கள். அதன் பெயர் ‘ஃப்ரீடம் குவில்டிங் பீ’. ‘விடுதலைத் துன்னற்கூட்டம்’ என்று மொழிபெயர்த்துப் பார்த்தேன், ஒரு தடங்கலும் இல்லாமல் உட்கார்ந்துகொண்டது. 1972-இல் சியர்ஸ் என்ற பெரிய கடை நிறுவனத்துக்காக, வரிவரியான தடித்த துணியான கார்டுராயில் தலையணையுறை தைத்தார்கள். மிஞ்சிய கார்டுராய் வீடுகளுக்குப் போனது. பளிச்சென்ற பச்சை, தங்க நிறத்தில் அந்த ஆண்டுகளின் போர்வைகள் இருப்பதற்கு அதுதான் காரணம்.

எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்று தெரியும். ‘போர்வை’ என்ற பகுதிதானே? 1987-இல் வாஷிங்டனில் எய்ட்ஸ் நோயால் இறந்தவர்களுக்காக 1,920 துணிகளை விரித்தார்கள். ஒவ்வொன்றும் 3 அடிக்கு 6 அடி, ஒரு சவக்குழியின் அளவு. அதற்கும் குவில்ட் என்றுதான் பெயர், ஆனால் அதை யாரும் போர்த்திக்கொள்ளப் போவதில்லை. ஹவாய் அரசி லிலியுவோகலானி 1895-இல் சிறை வைக்கப்பட்டபோது தைத்தது பட்டுத்துண்டுகளாலான வகை, அந்த வகையில் பெரும்பாலும் நடுவில் பஞ்சே இருக்காது. உண்மைதான், ஆங்கிலத்திலும் அந்தப் பெயர் படுக்கையிலிருந்து கிளம்பி இவ்வளவு தூரம் நீண்டிருக்கிறது. தமிழிலும் நீளட்டும். இறந்தவர்மேல் நாம் போர்த்துவதும், மேடையில் பெரியவர் தோளில் போர்த்துவதும் ஒரே வினைதானே. அமெரிக்கப் பழங்குடியினரான லகோட்டா மக்கள் எட்டுமுனை நட்சத்திரம் தைத்த துன்னற்போர்வையைப் பெயர்சூட்டலிலும் இறுதிச்சடங்கிலும் போர்த்தி மரியாதை செய்கிறார்கள். முன்பு காட்டெருமைத்தோல் இருந்த இடத்தில் இன்று அது இருக்கிறது. போர்த்துதல் என்ற வினை நமக்கு இதை உடனே புரியவைக்கிறது, ‘துணியோவியம்’ புரியவைக்காது.

‘துணியோவியம்’ என்று பரிந்துரைத்த நண்பருக்கு இதைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டும். விட்னியில் பார்த்தவர்கள் அவற்றை நவீன ஓவியத்தோடு ஒப்பிட்டார்கள். அந்தப் பாராட்டு அவர்களுக்குக் கிடைக்க வேண்டியதுதான். ஆனால் அந்தப் பெண்கள் பலகை இடுக்கில் காற்று புகும் வீட்டில், பிள்ளைகள் குளிரில் நடுங்கக்கூடாது என்று தைத்தார்கள். நடுவில் ஒரு சதுரம் வைத்து, அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகளைச் சேர்க்கும் அவர்களுடைய வடிவத்துக்குப் பெயர் ‘வீட்டுக்கூரை’. அதிலும் ஒவ்வொருவரும் அளவைக் கோணலாக்கி, நிறத்தை மாற்றி, ‘இது என் போக்கு’ என்பார்கள். அழகும் கதகதப்பும் அங்கே ஒரே வேலை. சொல்லில் போர்வை இல்லாமல் போனால் அந்தப் பிள்ளைகள் கட்டுரையிலிருந்து காணாமல் போய்விடுவார்கள்.

ஒரு சிறு வேண்டுகோள். அடிமைத்தனத்திலிருந்து தப்பியவர்களுக்கு வழிகாட்ட இந்தப் போர்வைகளில் ரகசியக் குறிகள் தைக்கப்பட்டன என்ற கதையை யாரோ ஒரு மடலில் இணைத்திருந்தீர்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதற்கு அந்தக் காலச் சான்று இல்லை என்று வரலாற்றாளர்கள் மறுக்கிறார்கள். கட்டுரையில் அதை நான் சேர்க்கவில்லை.

தையல் தெரிந்தவர்கள் இந்தச் சொற்களை ஒருமுறை ஊசி பிடித்தபடியே சொல்லிப் பார்த்து எழுதுங்கள். முக்கியமாக ‘உள்பஞ்சு’ எனக்கு இன்னும் முழுநிறைவு தரவில்லை. மெத்தைக்கடைகளில் புழங்கும் சொல் தெரிந்தால் அதையே வைத்துவிடலாம். வரும் ஞாயிறு கட்டுரையை அனுப்ப வேண்டும்.

அன்புடன்,
இழையைத் தொடங்கியவள்