ஒரு 220 கேவி லைனை எல்.சி.க்குக் கொடுப்பதும் திரும்ப வாங்குவதும்: வேலை தெரிந்தவர்களின் பகிர்வு

எல்.சி. (லைன் கிளியர்) என்பது, லைனை நிறுத்தி அதில் வேலை செய்ய எழுதித் தரும் அனுமதி. கீழே ஒவ்வொரு தலைப்பும் பேசும் பிரிவின் பெயர்.

லோடு டெஸ்பாட்ச்

“லைனில் 60 மெகாவாட்தான் ஓடுகிறது, கொடுத்தால் என்ன?” என்று எல்.சி. கேட்பவர்கள் சொல்வது வழக்கம். அந்த 60-ஐ வைத்து டெஸ்பாட்சில் (கிரிட்டைக் கவனித்து உத்தரவிடும் மையத்தில்) முடிவெடுக்கக் கூடாது. இந்த லைன் இல்லாத நேரத்தில் இன்னொன்றும் ட்ரிப் ஆனால் மிச்சம் தாங்குமா என்பதே கணக்கு. லோடு ஃப்ளோவில் (எந்த லைனில் எவ்வளவு ஓடும் என்ற கணினிக் கணக்கில்) கேட்ட லைனை முதலில் நீக்குங்கள். பிறகு சுற்றியுள்ள லைன்கள், 400/220 டிரான்ஸ்ஃபார்மர்கள், அருகிலுள்ள பெரிய ஜெனரேட்டர் என ஒவ்வொன்றாக நீக்கி ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் எது கொள்ளளவைத் தாண்டுகிறது, எந்த பஸ்ஸில் (நிலையத்தில் லைன்கள் வந்து சேரும் பொதுக் கம்பியில்) வோல்டேஜ் இறங்குகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். வேலை காலை 8 முதல் மாலை 5 வரை என்று எழுதியிருந்தாலும் மாலை உச்ச லோடுக்கும் ஒரு முறை ஓட்டுங்கள். வேலை நீளும்.

அதிகம் தவறுவது அடியில் இருக்கும் 110 கேவியில். இரண்டு 220 கேவி நிலையங்களுக்கு நடுவே 110 கேவி லைன்களும் இணைந்து கிடந்தால், மேலே லைனை எடுத்ததும் மின்சாரம் 220/110 டிரான்ஸ்ஃபார்மர் வழியாகக் கீழே இறங்கி, 110-இல் ஓடி, அடுத்த நிலையத்தில் மேலே ஏறும். எந்தப் பாதையில் எவ்வளவு என்பதை இம்பீடன்ஸ் (பாதையின் மின்தடுப்பு) தீர்மானிக்கும். நம் விருப்பம் அதற்குத் தெரியாது. ஆகவே எல்.சி. தரும் முன்பே 110 கேவியை ஓரிடத்தில் திறந்து (இணைப்பைத் துண்டித்து) ரேடியலாக்கிவிடுவது உண்டு. அதற்கும் விலை இருக்கிறது: ரேடியலான நிலையங்களுக்கு அந்த நாள் முழுவதும் ஒரே வழிதான், ஒரு ஃபால்ட் வந்தால் இருட்டு. எந்த நிலையங்கள் அப்படி ஆகின்றன என்பதை அங்குள்ளவர்களுக்கு முன்கூட்டியே சொல்லாமல் திறப்பது தவறு.

400 கேவி லைன் என்றால் மெகாவாட்டோடு ரியாக்டிவையும் (வோல்டேஜைத் தாங்கும் மின்திறன், அளவு மெகாவார்) பாருங்கள். இரட்டை மூஸ் கம்பி (ஃபேஸுக்கு இரண்டாக ஓடும் ஒரு வகைக் கம்பி) கிலோமீட்டருக்குச் சுமார் 0.55 மெகாவார் தரும். 200 கிலோமீட்டர் லைனை எடுத்தால் 110 மெகாவார் போச்சு. பகல் லோடில் அது வோல்டேஜைக் கீழே இழுக்கும். நள்ளிரவில் வோல்டேஜ் ஏறிக் கிடக்கும்போது அதே லைனைத் திறந்து வைப்பதே உதவி.

நேரத்தை மாற்றினால் அது புது விண்ணப்பம். 2006 நவம்பர் 4-ஐ இதற்காகவே எல்லா டெஸ்பாட்சருக்கும் படிக்கக் கொடுக்க வேண்டும். ஜெர்மனியில் எம்ஸ் ஆற்றைக் கடக்கும் கொனஃபோர்டே–டீலே 380 கேவி இரட்டை சர்க்யூட் (ஜோடியாக ஓடும் இரண்டு லைன்), புதிதாகக் கட்டிய நார்வீஜியன் பேர்ல் கப்பல் அடியில் போவதற்காக நிறுத்தப்பட்டது. முதலில் பேசியது 5-ஆம் தேதி அதிகாலை 1 மணி. பிறகு முந்தைய இரவு 10 மணிக்கு இழுத்துவிட்டார்கள். 21:38-க்குத் திறந்தார்கள். லாண்டஸ்பெர்கன்–வேரென்டோர்ஃப் லைன் நிரம்பத் தொடங்கியது. அந்த லைனின் இரு முனைகளும் இரு நிறுவனங்களுடையவை, பாதுகாப்பு எல்லைகள் வேறுவேறு. ஓட்டத்தைக் குறைக்க லாண்டஸ்பெர்கனில் 22:10-க்கு பஸ்களை இணைத்தபோது 80 ஆம்பியர் குறையும் என்று எதிர்பார்த்தார்கள், 67 ஆம்பியர் கூடியது. லைன் ட்ரிப். சில வினாடிகளில் ஐரோப்பிய கிரிட் மூன்று துண்டு. மேற்குத் துண்டில் அதிர்வெண் 49 ஹெர்ட்ஸை ஒட்டி இறங்கியது, 1.5 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் மின்சாரம் போயிற்று. பஸ்ஸை இணைப்பதற்கும் ஒரு லோடு ஃப்ளோ ஓட்ட வேண்டும் என்பதை அந்த 67 ஆம்பியர் காட்டுகிறது.

ரிலே பிரிவு

டெஸ்பாட்ச் சார் சொன்ன கொள்ளளவு பெரும்பாலும் கம்பியின் சூட்டு எல்லை. ரிலே (ஃபால்ட்டைக் கண்டு, லைனைத் துண்டிக்கும் சுவிட்சான பிரேக்கரைத் திறக்கவைக்கும் கருவி) அதற்கு முன்பே தட்டக்கூடும், அதையும் அட்டவணையில் சேர்க்க வேண்டும்.

டிஸ்டன்ஸ் ரிலேயில் (ஃபால்ட்டின் தூரத்தைக் கணித்துத் தட்டுவது) முதல் ஜோன் லைனின் 80 சதவீதம் வரை, தாமதமில்லை. இரண்டாவது குறைந்தது 120 சதவீதம், 0.3 முதல் 0.5 வினாடி. மூன்றாவது அடுத்த நிலையத்திலிருந்து புறப்படும் நீளமான லைனையும் உள்ளடக்கும், சுமார் 1 வினாடி. இந்த மூன்றாவதுதான் ஆபத்து. ரிலே பார்ப்பது வோல்டேஜை கரண்டால் வகுத்து வரும் எண். அது மிகச் சிறிதானால் ஃபால்ட் என்று எடுத்துக்கொள்ளும். 220 கேவியில் 200 எம்.வி.ஏ. ஓடினால் 242 ஓம். ஜோடி சர்க்யூட்டை எடுத்து லோடு 20 சதவீதம் ஏறி, வோல்டேஜும் 10 சதவீதம் இறங்கினால் அது 163 ஓம் ஆகிவிடும். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது, ஃபால்ட் எதுவும் இல்லாமலேயே.

2012 ஜூலை 30 அதிகாலை 2:33-க்கு நடந்தது இதுவே. பினா–குவாலியர் 400 கேவி இரண்டாவது சர்க்யூட், 765 கேவிக்கு மாற்றும் வேலைக்காக நிறுத்தத்தில் இருந்தது. முதல் சர்க்யூட்டில் ஃபால்ட் இல்லை. லோடு ஏறி, வோல்டேஜ் தணிந்து, மூன்றாம் ஜோனில் ட்ரிப் ஆனது. இந்தியாவின் வடக்கு மண்டலம் இருண்டது. மறுநாள் பகல் 1 மணிக்கு அதே லைன் அதே ஜோனில் மறுபடியும். இந்த முறை வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும். ஒரு சர்க்யூட்டை எல்.சி.க்கு எடுக்கும் முன் மற்றதன் மூன்றாம் ஜோன் எல்லையையும், லோடு வந்தால் ஒதுங்கிப்போகும் லோடு என்க்ரோச்மென்ட் பகுதி ரிலேயில் போடப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

அதிகம் பேசப்படாத இன்னொன்று. ஒரே டவரில் இரண்டு சர்க்யூட். ஒன்றை நிறுத்தி இரு முனையிலும் எர்த் செய்ததும், ஓடும் சர்க்யூட்டில் எர்த் ஃபால்ட் வந்தால் நிறுத்திய கம்பியிலும் எதிர்க் கரண்ட் பாயும். அதனால் ஃபால்ட் உண்மையான தூரத்தைவிட அருகில் இருப்பதாக ரிலேக்குத் தோன்றும். 80 சதவீதத்தில் நிற்க வேண்டிய முதல் ஜோன் அடுத்த நிலையத்தைத் தாண்டியும் தட்டலாம். இப்போதைய நியூமெரிக்கல் ரிலேக்களில் இதற்கென்று ஒரு செட்டிங் குரூப் ஒதுக்கி, எல்.சி. நேரத்தில் அதற்கு மாற்றிக்கொள்ள முடியும். மாற்றியதை லாக் புக்கில் எழுதவில்லை என்றால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

துணை மின்நிலைய ஷிஃப்ட்

திறக்கும் வரிசை. எந்த முனை முதலில் என்பதை டெஸ்பாட்ச் சொல்வார்கள். பொதுவாக ஃபால்ட் லெவல் (ஃபால்ட்டில் பாயக்கூடிய கரண்டின் அளவு) குறைந்த, வலுவற்ற முனை முதலில், வலுவான முனை கடைசியில். ஒரு முனையைத் திறந்த பிறகு லைன் மறுமுனையிலிருந்து சார்ஜில் (உயிருள்ள நிலையில்) நிற்கும், திறந்த முனையில் வோல்டேஜ் ஏறும். 300 கிலோமீட்டர் லைன் என்றால் சுமார் 5 சதவீதம். வலுவற்ற முனையிலிருந்து பிடித்தால் அங்கே பஸ் வோல்டேஜே தூக்கிக்கொள்ளும், அதன் மேல் இந்த 5.

முதல் பிரேக்கரைத் திறந்ததும் கை அடுத்த சுவிட்சுக்குப் போகக் கூடாது. மீட்டரைப் பாருங்கள். கேட்ட சர்க்யூட்டில் மெகாவாட் பூஜ்யமாகி ஜோடி சர்க்யூட்டில் ஏறியிருக்க வேண்டும். சர்க்யூட் 1, 2 என்று பெயர் வைத்த இடங்களில் தவறான ஒன்றைத் திறப்பதே பெரிய விபத்து, அதைப் பிடிக்கும் இடம் இதுதான். ஃபோனில் வந்த உத்தரவைக் கேட்டவர் திருப்பிச் சொல்லி, கோட் நம்பரும் நேரமும் இரு பக்கமும் எழுதிய பிறகே கை வைக்க வேண்டும்.

இரண்டு பிரேக்கரும் திறந்த பின் லைன் பக்க ஐசொலேட்டர் (கண்ணுக்குத் தெரியும் இடைவெளி தரும் சுவிட்ச்). ஐசொலேட்டரால் லோடு கரண்டை அறுக்க முடியாது. இன்டர்லாக் (தவறான வரிசையில் இயங்க விடாத பூட்டு) அதற்காகத்தான், அதைத் தாண்டி இயக்கச் சாவி தேடுபவரை நிறுத்துங்கள். மோட்டார் நின்றுவிட்டது, இண்டிகேஷன் வந்துவிட்டது என்று நம்பாமல் யார்டுக்கு நடந்து போய் மூன்று போலையும் (ஃபேஸுக்கு ஒன்றாக உள்ள சுவிட்ச் பகுதிகளை) கண்ணால் பார்க்க வேண்டும். போல்களை இணைக்கும் பைப்பில் கிளாம்ப் நழுவினால் இரண்டு போல் முழுதாகத் திறந்து மூன்றாவது பாதியில் நிற்கும், பேனலில் பச்சை விளக்கு எரியும். அடுத்து லைன் சி.வி.டி.யில் (வோல்டேஜ் அளக்கும் கருவியில்) மூன்று ஃபேஸும் வோல்டேஜ் இல்லை என்று பார்த்து எர்த் சுவிட்ச். இரு முனையிலும் முடிந்து, பூட்டு, பலகை எல்லாம் போட்ட பிறகே எல்.சி. எழுதப்படும். வாங்கியவரே திருப்பித் தர வேண்டும். அவர் பெயரில் இன்னொருவர் ஃபோன் செய்தால் ஏற்காதீர்கள்.

லைன் பராமரிப்பு

இரு முனையும் எர்த் ஆகிவிட்டது என்பதால் நடுவில் டவர் ஏறுபவருக்குப் பாதுகாப்பு வந்துவிடாது. பக்கத்து சர்க்யூட் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் வோல்டேஜ் நம் கம்பியில் ஏறும், அதன் கரண்ட் நம் கம்பியையும் எர்த்தையும் சுற்றிக் கரண்ட் ஓட வைக்கும். வேலை செய்யும் இடத்தின் இரு புறமும் மூன்று ஃபேஸுக்கும் தனி எர்த் வேண்டும். முதலில் டிடெக்டரால் வோல்டேஜ் இல்லை என்று பார்ப்பது. அதே டிடெக்டரை, உயிருள்ளது என்று தெரிந்த ஒன்றில் வேலைக்கு முன்னும் பின்னும் சோதித்துக்கொள்ள வேண்டும். எர்த் கட்டும்போது டவர் பக்கக் கிளாம்ப் முதலில், கம்பிப் பக்கம் பிறகு. எடுக்கும்போது கம்பிப் பக்கம் முதலில். இந்த வரிசை மாறினால் கையில் பிடித்திருக்கும் வயரே உயிருள்ள கம்பியாகிவிடும்.

ஜம்பரைக் (டவரின் இரு புறக் கம்பிகளை இணைக்கும் துண்டை) கழற்றும் முன் அதன் இரு புறத்தையும் தற்காலிக வயரால் இணைத்துவிடுங்கள். எர்த் இரு பக்கமும் இருக்கும்போது ஜம்பர் வழியாக இண்டக்‌ஷன் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும். அதை அறுத்த நொடியில் இடைவெளியில் வோல்டேஜ் எழும், அப்போது இரண்டு கையும் இரண்டு பக்கத்தில் இருக்கும்.

டெஸ்பாட்ச் கேட்க மறப்பதும் நாங்கள் சொல்ல மறப்பதும் ஒன்று உண்டு: அவசரம் என்றால் எவ்வளவு நேரத்தில் லைன் திரும்பும்? டிஸ்க் (கம்பியைத் தாங்கும் இன்சுலேட்டர் தட்டு) மாற்றும் வேலையில் ஒரு ஸ்ட்ரிங் (டிஸ்க்குகளின் சரம்) கையில் இருக்கும்போது ஒன்றரை, இரண்டு மணி நேரம். கம்பி தரையில் இறங்கியிருந்தால் அன்று திரும்பாது. வேலையின் கட்டம் மாறும்போதெல்லாம் இந்த நேரத்தைப் புதுப்பித்துச் சொன்னால், இன்னொரு லைன் போகும் நேரத்தில் டெஸ்பாட்சுக்கு எதை நம்பலாம் என்று தெரியும்.

மரமும் இதில் சேர்ந்ததே. ஜோடி சர்க்யூட் நிற்கும் நாளில் மற்ற லைன்களின் லோடு கூடும், கம்பி சூடாகித் தாழும். அந்த லைன்களின் கீழே மரம் வெட்டியாயிற்றா என்பதை முந்தைய வாரமே பார்த்து முடித்திருக்க வேண்டும். 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் ஒஹையோவில் முதலில் போன 345 கேவி லைன்களில் ஒன்று, தன் கொள்ளளவில் பாதிகூட ஓடாதபோதே மரத்தில் பட்டது. மரம் அவ்வளவு உயர்ந்திருந்தால் சூட்டு எல்லைக் கணக்குக்கு அர்த்தமில்லை.

ரிலே பிரிவு

லைன் நிற்கும் நாளில் நாங்களும் ரிலே சோதனைக்கு நுழைவோம். அங்கே ஒரு எச்சரிக்கை. ட்ரிப் சோதனைக்கு முன் எல்.பி.பி. (ஒரு பிரேக்கர் திறக்காவிட்டால் சுற்றியுள்ளவற்றைத் திறக்கும் பாதுகாப்பு) லிங்கை, அதாவது அதன் இணைப்புத் துண்டை, எடுத்துவிடுங்கள். ரிலே ட்ரிப் கொடுத்து, செலுத்திய கரண்டும் நிற்காமல் ஓடினால், பிரேக்கர் திறக்கவில்லை என்று எல்.பி.பி. நினைக்கும், 200 மில்லிசெகண்டில் அந்த பஸ்ஸில் உள்ள எல்லாப் பிரேக்கரையும் தட்டிவிடும். ஒரு லைனைச் சோதிக்கப் போய் நிலையம் முழுவதும் போகும் வழி இது. சி.டி. (கரண்ட் அளக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) செகண்டரியை எங்கும் திறந்து விடாமல், ஷார்ட் செய்த பின்பே கழற்ற வேண்டும். எடுத்த லிங்க் ஒவ்வொன்றையும் பெயர் எழுதி, திரும்பப் போடும்போது அதே தாளில் டிக் செய்யுங்கள். போட மறந்த எல்.பி.பி. லிங்க் சத்தமில்லாமல் இருக்கும், பிரேக்கர் ஒட்டிக்கொள்ளும் நாளில்தான் தெரியும்.

லோடு டெஸ்பாட்ச்

திரும்ப வாங்கும்போது முதல் கேள்வி எண்ணிக்கை: எத்தனை எர்த் கட்டினீர்கள், எத்தனை எடுத்தீர்கள். “எல்லாம் எடுத்தாச்சு சார்” என்பது பதிலாகாது. “பன்னிரண்டு கட்டினோம், பன்னிரண்டு எடுத்தோம், ஆட்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள்” என்று எண்ணோடு வர வேண்டும். பிறகு இரு முனை எர்த் சுவிட்சும் திறந்து, ஐசொலேட்டர் போட்டு, ஆட்டோ ரீக்ளோஸை (ட்ரிப் ஆன பிரேக்கரைத் தானாகத் திரும்ப மூடுவதை) நிறுத்தி வைத்து, வலுவான முனையிலிருந்து சார்ஜ். வலுவான முனை என்பது மின் உற்பத்தி நிலையமாக இருந்தால் நான் மறுமுனையையே தேர்ந்தெடுப்பேன். எர்த் ஒன்று மறந்து கிடந்து, அதன் மேல் சார்ஜ் செய்தால் ஜெனரேட்டர் ஷாஃப்ட் அந்த அடியை வாங்கும்.

மறுமுனையில் மூன்று ஃபேஸும் சரியாக வருகின்றனவா பார்த்து, சிங்க் செக் (இரு பக்க வோல்டேஜும் பொருந்துகிறதா என்று பார்க்கும் கருவி) வழியாக மூட வேண்டும். ஜம்பரோ கேபிளோ மாற்றியிருந்தால் ஃபேஸ் வரிசையைத் தனியாகச் சோதிக்காமல் மூடக் கூடாது.

மூட மறுக்கும் பிரேக்கரில் பெரும்பாலும் குறை இருக்காது, இரு முனை வோல்டேஜ்களுக்கு இடையிலுள்ள கோணம்தான் பெரிதாகியிருக்கும். லைன் இல்லாத நேரத்தில் மின்சாரம் சுற்றிப்போனதால் இரு முனைக்கும் கோணம் விரியும். சிங்க் செக் பல இடங்களில் 20 முதல் 30 டிகிரிக்குள் வைக்கப்பட்டிருக்கும். 2003 செப்டம்பர் 28 அதிகாலை 3:01-க்கு ஸ்விட்சர்லாந்தில் லுக்மானியர் கணவாய் வழியாக இத்தாலி நோக்கிச் செல்லும் லைன் மரத்தால் ட்ரிப் ஆனது. திரும்ப மூடப் பார்த்தபோது கோணம் 42 டிகிரி, மூட முடியவில்லை. 3:25-க்கு சான் பெர்னார்டினோ லைனும் போனது. தொடர்ந்து இத்தாலி மற்ற ஐரோப்பாவிலிருந்து பிரிந்து இருண்டது. கோணத்தைக் குறைக்க வழி: அனுப்பும் பக்கம் உற்பத்தியை இறக்கி, வாங்கும் பக்கம் ஏற்றுவது, நிமிடங்கள் ஆகும். எனவே லைன் வெளியே இருக்கும்போது கோணம் எவ்வளவு வரும் என்பதையும் முதல் நாள் லோடு ஃப்ளோவிலேயே எடுத்து, எந்த ஜெனரேட்டரை எத்தனை மெகாவாட் நகர்த்த வேண்டும் என்று எழுதி வைத்துவிடுங்கள். செட்டிங்கை உயர்த்தி மூடச் சொல்வதற்கு நான் சம்மதிப்பதில்லை.

லைன் பராமரிப்பு

லைன் ஏறியதும் ஆட்டோ ரீக்ளோஸ், செட்டிங் குரூப், 110-இல் திறந்து வைத்த பிரேக்கர் மூன்றும் பழைய நிலைக்கு வந்தனவா என்று டெஸ்பாட்சில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். மறுநாள் உச்ச லோடில், மாற்றிய ஜம்பர்களுக்குத் தெர்மோவிஷன் (சூட்டைக் காட்டும் படம்) எடுக்க வேண்டும். மூன்று ஃபேஸையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். பாதி லோடில் தெரியும் 10 டிகிரி வித்தியாசம் முழு லோடில் 30, 40 ஆகும். படம் எடுத்த நேரத்து ஆம்பியரைப் படத்தோடு எழுதுங்கள். அது இல்லாத படத்தை அடுத்த ஆண்டுப் படத்தோடு ஒப்பிட முடியாது.