கல்லூரிக்குப் போகாத வருடத்தில் சந்தித்தவர்கள்

சென்னையில் ஒரு கல்லூரியில் பகுதி-1 தமிழ் நடத்துகிறேன். பி.காம், பி.பி.ஏ, கணினி அறிவியல் என்று எதைப் படிக்க வந்தாலும், மொழிப்பாடமாகத் தமிழை எடுத்தவர்கள் எல்லாரும் முதல் பருவங்களில் எங்கள் வகுப்புக்கு வந்தாக வேண்டும். செய்யுளும் இலக்கிய வரலாறும் மற்றவர்கள் எடுப்பார்கள். கடிதம், கட்டுரை, படைப்புப் பயிற்சி ஆகியவை என் பொறுப்பு. அந்தப் பயிற்சிக்கு ஒரு கையேடு எழுதப்போவதாகச் சொல்லித்தான் ஓராண்டு சபாட்டிகல் (படிக்கவும் எழுதவும் ஆசிரியர்களுக்குத் தரும் நீண்ட விடுப்பு) வாங்கினேன். இப்போது வீடு மந்தைவெளியில், வேலை கையேட்டில்.

அக்கம்பக்கத்தில் இதைப் புரியவைப்பது லேசில்லை. எதிர்வீட்டு மாமி முதல் வாரமே வந்து, "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கவலையாகக் கேட்டார். படிக்கவும் எழுதவும் லீவு கொடுப்பார்கள் என்றால், "சம்பளத்தோடயா?" என்பது அடுத்த கேள்வி. அதற்குப் பிறகு சிலிண்டர் வந்தால் வாங்கி வைப்பது, மூன்றாவது மாடிக்காரர்களின் கூரியருக்குக் கையெழுத்துப் போடுவது, ஊரிலிருந்து வரும் உறவினரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது எல்லாம் என் தலையில் வந்து சேர்ந்தன. "நீ வீட்டுலதானே இருக்கே." இந்த விடுப்பு எடுக்கும் பெண் ஆசிரியைகளுக்கு ஒன்று சொல்கிறேன். வீட்டுக்கு வெளியே ஓர் இடத்தை முதல் நாளே பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வருடம் அடுப்படியிலேயே போய்விடும்.

எனக்குக் கிடைத்த இடம் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறினால் இரண்டாவது நிலையம், பிறகு நடை. 2010 செப்டம்பரில் திறந்த நூலகம் அது. சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிப்பவர்களுக்கென்று தனிப் பகுதி உண்டு. காலையிலேயே போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளால் அது நிரம்பிவிடும். முதுகுப்பை, தண்ணீர் பாட்டில், எலுமிச்சை சாதம் கட்டிய டப்பா. பாதிப் பேர் வெளியூர், சைதாப்பேட்டைப் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருப்பவர்கள்.

அங்கே ஒரு பையன், குரூப் 1 முதன்மைத் தேர்வுக்கு எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஆசிரியை என்று தெரிந்ததும் விடையைத் திருத்தித் தரச் சொல்வான் என்று நினைத்தேன். அவன் கேட்டது வேறு. "மேடம், கட்டுக்கட்டா பேப்பர் திருத்துறப்ப உங்க கண்ணு எங்க நிக்கும்?"

இத்தனை வருடத்தில் ஒரு மாணவர்கூட என்னை இப்படிக் கேட்டதில்லை. யோசித்துத்தான் பதில் சொன்னேன். முன்னுரையில் நிற்காது, அது எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி இருக்கும். ஓர் ஊர்ப்பெயர், ஓர் ஆண்டு, எழுதியவன் கண்ணால் பார்த்த ஒரு விஷயம் வருகிற வரியில் நிற்கும் என்றேன். அவன் விடை நீர்நிலைப் பாதுகாப்பு பற்றியது. அவன் ஊர் ஏரியில் வண்டல் எடுப்பதை நிறுத்திய பிறகு என்ன ஆயிற்று என்று வாய்வழியாக அழகாகச் சொன்னான். தாளில் அதில் ஒரு வரிகூட இல்லை. "இதையெல்லாம் எழுதலாமா மேடம்?" என்றான். எழுது என்றேன்.

அடுத்து நான் சந்தித்தவரைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு ஐம்பது வயது நெருங்குகிறது. கணவர் விட்டுவிட்டுப் போய் வெகுகாலம் ஆகிறது. உதவித்தொகைக்கு யாரோ ஒருவர் மூலமாகக் கணினியில் பதிந்திருக்கிறார். பதிந்தவர் அதை விதவை உதவித்தொகை என்று போட்டுவிட்டார். கணவரின் இறப்புச் சான்று இல்லையென்று மனு தள்ளுபடி. செத்துப்போகாத மனிதருக்குச் சான்று எங்கே போவது?

திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் கலெக்டரிடம் மனு கொடுக்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "நானே எழுதித் தரேன்க்கா" என்றேன். "வேணாம் டீச்சர், அங்க ஒருத்தர் எழுதுவாரு. நீங்க கூட வந்தா போதும்" என்றார்.

மந்தைவெளியில் ஏறி கடற்கரை நிலையத்தில் இறங்கினோம். ராஜாஜி சாலையில் சிங்காரவேலர் மாளிகைக்குப் பக்கத்தில், நிழலாகப் பார்த்து ஒரு ஸ்டூலும் பலகையும் போட்டு அந்தப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் இரண்டு பேனா. அக்கா தன் கதையை ஆரம்பித்தார். குடி, மாமியார், அடகுக்குப் போன கம்மல், மகளின் படிப்பு எல்லாம் வந்தது. பெரியவர் பேனாவைத் தொடவே இல்லை. முழுக்கக் கேட்டார். பிறகு ஒரே கேள்வி.

"எப்போ போனாரு?"

"வெள்ளத்தப்போ சார்."

"எந்த வெள்ளம்மா? பதினஞ்சா, மிக்ஜாமா?"

"பதினஞ்சு சார். சைதாப்பேட்டைல ஆத்துத் தண்ணி வீட்டுக்குள்ள வந்துச்சே, அந்த வாரம்."

"அப்புறம் ஒரு வாட்டியாவது வந்தாரா?"

"பொண்ணு கல்யாணத்துக்குக்கூட வரல."

அப்போதுதான் பேனாவைத் திறந்தார். கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கென்று தனி உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. முப்பது வயது ஆகியிருக்க வேண்டும், கணவர் விட்டுப்போய் ஐந்து ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும், அல்லது சட்டப்படி பிரிந்த சான்று வேண்டும். 2015 டிசம்பர் என்றால் அக்கா தகுதியானவர். 2023 டிசம்பர் மிக்ஜாம் என்றால் அன்றைய தேதிக்குத் தகுதி இல்லை. அவ்வளவு நீளக் கதையில் அந்தப் பெரியவர் தேடியது அந்த ஒரு வருடத்தைத்தான்.

பிறகு கேட்டார்: "இப்ப சொல்லு, கலெக்டர் இன்னா செய்யணும்?"

"பணம் குடுக்கணும்."

"அது தாசில்தார் வேலைம்மா. கலெக்டர் இன்னா செய்யணும்?"

அக்கா என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை. பெரியவரே சொன்னார்: "கைவிடப்பட்டவங்க திட்டத்துல இந்த மனுவ எடுத்துக்கிட்டு, நேர்ல வந்து விசாரிக்கச் சொல்லணும். சரியா?"

அனுப்புநர், பெறுநர், பொருள் போக, மனு நான்கே வாக்கியம். யார், எந்த முகவரி, குடும்ப அட்டை எண் என்ன என்பது முதல் வாக்கியம். பழைய விண்ணப்ப எண்ணும் அது தள்ளுபடியான காரணமும் இரண்டாவது. கணவர் போன மாதமும் ஆண்டும் மூன்றாவது. என்ன உத்தரவு வேண்டும் என்பது நான்காவது. தாளின் தலைப்பக்கத்தில் கொஞ்சம் வெற்றிடம், இடதுபக்கம் அகலமாக மார்ஜின். அதிகாரி குறிப்பு எழுதவும் முத்திரை குத்தவும் அந்த இடமாம்.

"அவங்க பட்ட கஷ்டம் எதுவுமே இதுல இல்லையே ஐயா?" என்று கேட்டேன்.

"அத இவங்க நேர்ல சொல்லுவாங்கம்மா. உள்ள இன்னிக்கு எவ்ளோ கூட்டம் பாருங்க. ஒரு தாளுக்கு ஒரு நிமிஷம் கெடைச்சா பெருசு. அந்த நிமிஷத்துல எதுக்கு உத்தரவு போடணும்னு அவருக்குத் தெரியணும்."

எழுதி முடித்து உரக்கப் படித்துக் காட்டினார். "தனியாக வசித்து வருகிறேன்" என்ற இடத்தில் அக்கா நிறுத்தினார். "தனியா இல்ல சார், எங்கம்மா கூட இருக்காங்க." பெரியவர் முகம் சுளிக்கவில்லை. அடித்தல் திருத்தல் இருந்தால் கேள்வி வரும் என்று புதுத்தாள் எடுத்து முழு மனுவையும் மறுபடி எழுதினார். அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் தன் பெயரில் போகும் தாளில் ஒரு பொய் இருக்கக்கூடாது என்று நின்றார். எழுதியவரும் அதை மதித்தார். என் வகுப்பில் நான் பார்க்க ஏங்குவது இதைத்தான்.

எங்கள் பயிற்சியில் ஒரு கடிதம் உண்டு: உங்கள் தெருவில் விளக்கு வேண்டி மாநகராட்சி ஆணையருக்கு எழுதுக. "ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று பிள்ளைகள் முடிப்பார்கள். என்ன ஆவன, யார் செய்ய வேண்டும் என்பது எழுதியவருக்கே தெரியாது. கையேட்டில் இப்போது அந்தப் பயிற்சியை மாற்றி எழுதியிருக்கிறேன். சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகள். உன் வார்டு எண் என்ன? எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை? இதை வாசிக்கப்போகிறவர் தன் கையால் என்ன செய்ய முடியும்? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகுதான் தாளைத் தொடலாம். எழுதிய கடிதம் நிஜமாகவே தபாலில் போகும்.

உங்களுக்கும் இப்படி யாராவது அமைந்திருந்தால் எழுதுங்கள்.

*

திருவல்லிக்கேணியிலிருந்து, பள்ளித் தமிழாசிரியர்:

எங்களுக்கு சபாட்டிகல் எல்லாம் இல்லைங்க. கால் எலும்பு முறிந்து மருத்துவ விடுப்பில் இருந்தேன். நடை பழகச் சொன்னதால் விடியற்காலையில் மெரினா. உழைப்பாளர் சிலைப் பக்கம் தினமும் ஒரு முதியவரைப் பார்ப்பேன். அங்கே இருக்கும் அறிவிப்புப் பலகைகளை எழுத்தெழுத்தாகப் படிப்பார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "இங்க ஒத்து விட்டுப்போச்சு பாருங்க தம்பி" என்று ஒரு 'க்'கைக் காட்டினார்.

ராயப்பேட்டையில் ஒரு அச்சகத்தில் கம்பாசிட்டராக, அதாவது ஈய எழுத்துகளைக் கையால் அடுக்குபவராக இருந்தவராம். அவரிடம் கேட்டது எல்லாம் எனக்குப் புதுச் செய்தி. ஈய எழுத்து இடவலமாக மாறித்தான் இருக்கும். ஸ்டிக் என்ற கைத்தட்டில் அடுக்கும்போதே அதை நேராகப் படித்துவிடுவார்கள். 1978 அக்டோபரில் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது. ணா, றா, னா வரிசையும் ணை, லை, ளை, னையும் சேர்த்துப் பதின்மூன்று எழுத்துகள் வடிவம் மாறின. துதிக்கை போல வளைந்த பழைய 'லை'க்கு, எழுத்துகளைப் போட்டு வைக்கும் கேஸில் தனிப்பெட்டி இருந்ததாம். மாறிய பிறகும் ரொம்ப நாள் விரல் அந்தப் பெட்டிக்கே போய் நின்றது என்றார். சொல்லும்போது அவர் வலதுகை காற்றில் அந்த இடத்துக்குப் போயிற்று.

எழுத்தாளர்களைப் பற்றியும் சொன்னார். புரூஃபில் ஒரு வார்த்தை சேர்த்தால் பத்தி முழுக்கத் தள்ளும், கடைசி வரி வரைக்கும் பிரித்து மறுபடி அடுக்க வேண்டும். அதனால் இவரே எழுதியவரிடம் கேட்பாராம்: "சார், இதே நீளத்துக்கு ஒண்ண எடுத்துடுங்களேன்." முதலில் கோபப்பட்டவர்கள்கூட எடுத்த பிறகு வாக்கியம் நன்றாக இருக்கிறது என்று ஒப்புக்கொள்வார்களாம். விடுப்பு முடிந்து போனதும் ஒன்பதாம் வகுப்பில் இதைச் செய்தேன். கட்டுரையில் ஒரு புதுச் சொல் வேண்டுமானால் அதே வரியில் ஒரு பழைய சொல்லை எடுக்க வேண்டும். "மிகவும்" எல்லாம் ஒரே வாரத்தில் காணாமல் போயிற்று. கணினியில் எழுதும் உங்கள் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் செய்து பாருங்கள் டீச்சர்.

*

பெரம்பூரிலிருந்து, சுயநிதிக் கல்லூரி விரிவுரையாளர்:

அக்கா, படித்தேன். நான் சம்பளமில்லா விடுப்பில் இருக்கிறேன், குழந்தைக்கு ஒன்றரை வயது. 29சி-யில் ஏறி மயிலாப்பூர் அம்மா வீட்டில் குழந்தையை விட்டுவிட்டு இரண்டு மணி நேரம் எழுதுகிறேன். சாதாரணக் கட்டண பஸ் என்றால் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அது 2021-லிருந்து பெரிய உதவி. இரண்டு கேள்வி. சபாட்டிகல் யாருக்குக் கிடைக்கும்? அந்த அக்காவுக்குப் பணம் வந்ததா?

*

முதலில் எழுதியவர்:

தங்கைக்கு. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறைப்படி ஒரு தடவைக்கு ஓராண்டுக்கு மேல் கிடையாது, பணிக்காலம் முழுவதற்கும் இரண்டாண்டுதான் உச்சம். நிரந்தரப் பணியும் குறிப்பிட்ட ஆண்டு சேவையும் வேண்டும். உங்கள் கல்லூரி போன்ற இடங்களில் நிர்வாகம் மனம் வைத்தால்தான் உண்டு. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. அதிக வகுப்பும் அதிகத் தாளும் உங்கள் தலையில்தான் விழுகின்றன, ஓய்ந்து யோசிக்கும் காலம் உங்களுக்குத்தான் முதலில் வேண்டும். அந்த இரண்டு மணி நேரத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

திருவல்லிக்கேணி ஐயாவுக்கு. அந்தச் 'சொல்லுக்குச் சொல்' பயிற்சியை உங்கள் அனுமதியோடு கையேட்டில் சேர்க்கிறேன். அந்தப் பெரியவரை மறுபடி பார்த்தால், எங்கள் மாணவர்களிடம் ஒருநாள் வந்து பேசுவாரா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

அக்காவின் மனுவுக்கு அன்றே எண் போட்ட ரசீது கொடுத்தார்கள். அப்புறம் தாலுகா அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, அக்கம்பக்கத்தில் விசாரித்து, மகளிடமும் எழுதி வாங்கிப் போனார். ஆணை இன்னும் வரவில்லை. வரும் திங்கட்கிழமை மறுபடி போகிறோம். யாராவது போவதாக இருந்தால் ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகலும், பழைய விண்ணப்ப எண்ணும் கையில் இருக்கட்டும். காலையிலேயே போய்விடுங்கள், பதினோரு மணிக்கு மேல் அந்தப் பெரியவர் பலகைக்கு முன்னாலேயே வரிசை நீளமாகிவிடும்.