மோஷன் டெஸ்ட் நார்மல், ஆனா கல்லீரல்ல அமீபா கட்டியாம். எப்படிங்க?

கயல்:
அண்ணனுக்கு 36 வயசு. பத்து நாளா குளிர்ஜுரம், வலது விலாவுக்குக் கீழ வலி, இருமினா தோள்பட்டை வரைக்கும் இழுக்குதுங்கறான். டைபாய்டுன்னு மாத்திரை குடுத்தாங்க, கேக்கல. நேத்து ஸ்கேன்ல கல்லீரல்ல 6 சென்டிமீட்டர் சீழ்கட்டி, ரத்த டெஸ்ட்டும் பாத்துட்டு அமீபான்னுட்டாங்க. மோஷன் டெஸ்ட்ல ஒண்ணுமில்ல, வயித்தால போகவும் இல்ல. அமீபான்னா சீதபேதிதானே? அம்மா வேற கேரளா நியூஸ் பாத்துட்டு மூளையத் திங்கிற அமீபான்னு ஒரே அழுகை.

லேப்_ராசு:
அது வேறங்க, நெக்லேரியா ஃபௌலேரி, குளம் குட்டைத் தண்ணி மூக்குல ஏறி மூளைக்குப் போறது. இது எண்டமீபா ஹிஸ்டோலிட்டிகா, அழுக்குத் தண்ணி, சாப்பாட்டோட உள்ள போய் பெருங்குடல் சுவரை அரிச்சு, போர்ட்டல் வெயின்னு குடல்லேந்து கல்லீரலுக்குப் போற ரத்தக்குழாய் வழியா ஏறிடும். கட்டி வர்ற நேரத்துல நெறைய பேருக்கு பேதியே இருக்காது, மோஷன்லயும் சிக்காது. சீழ எடுத்தா சாக்லேட் கலர்ல வரும், அதுல தேடினாலும் அமீபா பெரும்பாலும் கிடைக்காது, கட்டியோட ஓரத்துலதான் உக்காந்திருக்கும். அதனாலதான் ஸ்கேனும் ரத்த டெஸ்ட்டும்.

பனங்காட்டான்:
எனக்கும் வந்தது தங்கச்சி. எங்கட யாழ்ப்பாணத்தில கள்ளுக் குடிக்கிற ஆம்பிளையளுக்குத்தான் இது கனக்க வாறது, நானும் அந்தக் கூட்டம்தான், என்ன செய்ய. மெட்ரோனிடசோல் தந்தவை, மூண்டு நாளில காய்ச்சல் விட்டிட்டுது, ஊசி குத்திச் சீழ் எடுக்கேல்ல. அந்தக் குளிசை எடுக்கேக்க ஒரு சொட்டும் குடிக்க விடாதேங்கோ, சத்தியும் தலையிடியும் உயிரை எடுக்கும். ஆறு மாசத்துக்குப் பிறகும் ஸ்கானில குழி தெரிஞ்சது, பயந்திட்டன், அது மெல்ல மெல்லத்தான் மூடுமாம்.

லேப்_ராசு:
ஒண்ணு விட்டுட்டேன். மெட்ரோனிடசோல் கல்லீரல்ல இருக்கறதத்தான் நல்லா கொல்லும், குடல்ல மிச்சம் இருக்கறதுக்கு டைலோக்சனைட் மாதிரி இன்னொரு மாத்திரை தனியா தருவாங்க. ஜுரம் விட்டதும் நெறைய பேர் அத விட்டுடறாங்க, அப்புறம் திரும்ப வரும், வீட்ல இருக்கறவங்களுக்கும் தொத்தும்.

கயல்:
சீட்டுல மெட்ரோனிடசோல் மட்டும்தான் இருக்கு. நாளைக்கு டாக்டர்கிட்ட கேட்டுடறேன்.

லேப்_ராசு:
கேளுங்க. திடீர்னு நெஞ்சு வலியோ மூச்சு வாங்கலோ வயிறு கல்லு மாதிரி இறுக்கமோ வந்தா மட்டும் நாளைக்குன்னு இருக்காதீங்க, கட்டி உடைஞ்சிருக்கலாம், ராத்திரியானாலும் தூக்கிட்டு ஓடுங்க.