இளையர் இல்லத்தில் வேலை, விசாரணை முடியும்வரை வராதே என்கிறார்கள். பாஸ் போய்விடுமா?

காவிரிக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூர் வந்து எட்டு மாசம் ஆகுது. கோர்ட் அனுப்புற பொண்ணுங்களைத் தங்கவெச்சுப் பாத்துக்குற இல்லம் ஒண்ணுல அஞ்சு வாரமா வேலை பாக்குறேன். ஊர்ல கூர்நோக்கு இல்லத்துல ரெண்டு வருஷம் ஆற்றுப்படுத்துநரா இருந்தேன். தெரிஞ்ச வேலைதானேன்னு நம்பிச் சேர்ந்தேன்.

ஞாயித்துக்கிழமை ராத்திரி ஷிப்ட். ஒரு பொண்ணு வீட்டுக்கு போன் பேசிட்டு வந்து ரூமுக்குப் போக மாட்டேன்னு நடையில உக்காந்துட்டா. தமிழ்ப் பொண்ணு. நான் தமிழ்ல பேசினேன். கூட இருந்த ஆபீசர், என்ன பேசுறேன்னு தனக்குப் புரியலைன்னு சத்தம் போட்டாங்க. அவ எந்திரிச்சுக் கதவுப் பக்கம் ஓடினா, நான் மணிக்கட்டைப் பிடிச்சேன், உதறினா. என் நகம் பட்டு ரெண்டு கோடு. ரத்தம் இல்ல, சிவந்துபோச்சு. அவ்வளவுதான் நடந்துச்சு.

நேத்து மத்தியானம் கூப்பிட்டு, விசாரணை முடியுற வரைக்கும் வர வேண்டாம்னுட்டாங்க. இங்க தங்கி வேலை பாக்குறதுக்கான பாஸ் கேன்சல் ஆகிடுமா? வீட்டுக்காரர்கிட்ட இன்னும் சொல்லல. ராத்திரி தூக்கமே இல்ல. யாராவது சீக்கிரம் சொல்லுங்க.

தேக்கா 2008:
தங்கச்சி, முதல்ல ஒரு வாய் சாப்பிடு. நான் 2008-ல கட்டுமான வேலைக்கு வந்தவன். முதல் நாலு மாசம் பட்டது சொல்லி மாளாது. ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன் தலைக்கு மேல நின்னுச்சு. ஒரே அறையில பதினாறு பேர், லாரியில வேலைக்குப் போய் லாரியில திரும்புவோம். காய்ச்சல்னு ஒரு நாள் படுத்ததுக்கு சூப்பர்வைசர் பேசின பேச்சு இன்னும் காதுல இருக்கு. அதையே தாண்டி வந்தோம், இதுவும் தாண்டிப்போகும். ஆனா ஒண்ணு, அடங்காத பிள்ளைங்களை மேய்க்கிறது பொம்பளைப் பிள்ளைக்கு ஆகாத வேலை. டியூஷன் எடு, மரியாதையான சம்பாத்தியம்.

ஈசூன் 11:
மேல சொன்னதை விடுங்க, பாஸ்தான் முக்கியம். எம்ப்ளாய்மெண்ட் பாஸ்னா கம்பெனி கேன்சல் பண்ணின பிறகு 30 நாள்தான் இருக்க முடியும். அடுத்த வேலைக்குப் புதுசா விண்ணப்பம். 2023 செப்டம்பர்லேர்ந்து காம்பாஸ்ங்கிற புள்ளி முறையில 40 புள்ளி வேற எடுக்கணும். என் நண்பன் ஒருத்தன் இப்படித்தான் மூட்டை கட்டினான். அவங்க அனுப்புறதுக்கு முன்னாடி நீங்களே ராஜினாமா கொடுத்துடுங்க, ரெக்கார்டு சுத்தமா இருக்கும்.

காவிரிக்கரை:
30 நாளா?! வீட்டு வாடகை ஒப்பந்தம் ரெண்டு வருஷத்துக்குப் போட்டிருக்கோமே. கை காலெல்லாம் நடுங்குது.

இரவுப்பணி:
ராஜினாமா கொடுக்காதே. ஈசூன் தம்பி, அவள் என்ன பாஸ் என்று சொல்லவே இல்லை, அதற்குள் ஊருக்கு அனுப்பிவிட்டீர்களே.

நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். இப்படி ஓர் இல்லத்தில் ஒன்பது வருஷம் இரவுப்பணி செய்தவள். முதலில் ஒரு காரியம் செய். அந்தப் பெண்ணைப் பற்றி இனி ஒரு வரிகூட இங்கே எழுதாதே. நீதிமன்றத்துக்கு வந்த பிள்ளையை அடையாளம் காட்டும்படி எதையும் வெளியிடுவது இங்கே சட்டப்படி குற்றம். பெயர் போடாவிட்டாலும் இனம், கிழமை, இடம் மூன்றும் சேர்ந்தால் தெரிந்தவர்களுக்குத் தெரிந்துவிடும்.

இப்போது நீ சொல்லாமல் விட்டவை: உன்னிடம் இருப்பது என்ன பாஸ்? நீ வேலை செய்வது அமைச்சு நடத்தும் இல்லமா, தொண்டூழிய அமைப்பின் இல்லமா? அன்று ராத்திரியே சம்பவ அறிக்கை எழுதினாயா, அல்லது மற்ற ஆபீசர் எழுதியது மட்டும்தானா? வர வேண்டாம் என்றது எழுத்திலா, வாய்ச்சொல்லா? சம்பளம் உண்டு என்றார்களா?

பழைய காக்கி:
நான் சிறைத்துறையில் 26 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். அதில் ஆறு வருஷம் சீர்திருத்தப் பயிற்சி நிலையம். அதுவும் இந்தப் பெண் வேலை செய்யும் இடமும் வேறு வேறு. எங்களிடம் வந்தவர்கள் பெரும்பாலும் 16 முதல் 21 வயது, சிறைத்துறைக்குக் கீழே. அந்தக் காலத்தில் குறைந்தது 18 மாதம் உள்ளே இருக்க வேண்டும். 2018-இல் சட்டம் மாறி, 6 மாதமா 12 மாதமா என்று நீதிமன்றம் முடிவு செய்கிறது. இளையர் நீதிமன்றத்துக்குப் போகும் 16-க்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள், சமூக, குடும்ப மேம்பாட்டு அமைச்சு நடத்தும் இல்லங்களுக்கோ அது அனுமதித்த மற்ற இல்லங்களுக்கோ போவார்கள்.

என் முதல் மாதம் இடுப்புச் சாவிக்கொத்து குலுங்கும் சத்தத்துக்கே பையன்கள் சிரிப்பார்கள். சத்தம் வராமல் கையால் பிடித்துக்கொண்டு நடக்கக் கற்றேன். அம்மா, நீ செய்தது தப்பில்லை. ஓடும் பிள்ளையைப் பிடிக்காமல் விட்டு அது கதவில் மோதியிருந்தால் அதற்கும் உன்னைத்தான் கேட்டிருப்பார்கள். கண்டிப்பு இல்லாத இடத்தில் பிள்ளைகள் நிம்மதியாக இருப்பதில்லை. தைரியமாகப் போய் இதைச் சொல்.

இரவுப்பணி:
ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் இதில் ஒத்துப்போக முடியவில்லை. பூட்டிய கதவை நோக்கி ஓடும் 15 வயதுப் பிள்ளை எங்கும் போய்விடாது. போனில் பேசி முடித்த அரைமணி நேரம்தான் எங்கள் வேலையிலேயே ஆபத்தான நேரம். இங்கே எல்லாப் பிள்ளையும் திருடியோ அடித்தோ வருவதில்லை. எங்களால் சமாளிக்க முடியவில்லை என்று பெற்றோரே நீதிமன்றத்தில் கேட்டு வந்த பிள்ளைகளும் உண்டு. அப்படி அனுப்பிவைத்த அம்மாவோடு பேசிவிட்டு வந்து நடையில் உட்காருகிறது என்றால் அது அடம் இல்லை. கூடவே தரையில் உட்காரணும். ஒரு கை தூரம் விட்டு, நேருக்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில். மற்ற பிள்ளைகளை அறைக்கு அனுப்பி வேடிக்கை பார்க்க ஆளில்லாமல் செய்யணும். "தண்ணி குடிச்சிட்டுப் போறியா, இங்கேயே பத்து நிமிஷம் இருந்துட்டுப் போறியா" என்று இரண்டில் ஒன்றை அவளே எடுக்கும்படி கேட்கணும். நான் ஒருமுறை ஒன்றேகால் மணி நேரம் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். கடைசியில் அவளாகவே எழுந்து, "மிஸ், கால் மரத்துப்போச்சா?" என்று கேட்டுவிட்டு அறைக்குப் போனாள்.

தமிழில் பேசியது தப்பில்லை. கூட நிற்பவருக்கு உடனே ஆங்கிலத்தில் சொல்லாததுதான் பிசகு. இருவரில் ஒருவருக்கு நடப்பது புரியவில்லை என்றால் அவருக்குப் பயம் வரும், அந்தப் பயம் பிள்ளைக்கும் தொற்றும்.

ஈசூன் 11:
அக்கா, வாடகைன்னு சொன்னாங்களே, அதைக் கேளுங்க. நான் இருக்குற அறையில சமைக்கக் கூடாது, துணி வாரத்துக்கு ஒரு தடவை, ஏர்கான் ராத்திரி பத்துக்கு மேலதான். தமிழ் வீடுன்னு நம்பித்தான் போனேன்.

தேக்கா 2008:
எங்க ஆளுங்க வீட்டுலதான் கட்டுப்பாடு ஜாஸ்தி. முன்பணத்தைத் திருப்பித் தர நாலு மாசம் இழுத்தாங்க எனக்கு. அதுக்கு டார்மிட்டரியே மேல்.

பழைய காக்கி:
வீட்டுக்காரர்களையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். என் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வாடகைக்கு இருந்த பையன் மீன் வறுத்து அடுப்பை அணைக்காமல் வேலைக்குப் போய்விட்டான்.

காவிரிக்கரை:
மன்னிக்கணும், முதல்லயே சொல்லியிருக்கணும். என் கணவர் சிங்கப்பூர் குடிமகன். எனக்கு எல்டிவிபி பிளஸ், அதாவது குடிமக்களோட கணவன் மனைவிக்குக் கொடுக்குற நீண்டகால வருகை அனுமதி; வேலைக்கு மனிதவள அமைச்சோட கன்சென்ட் லெட்டர். இல்லம் தொண்டூழிய அமைப்போடது. நான் அறிக்கை எழுதல. ஷிப்ட் முடிஞ்சு அழுதுட்டே பஸ் ஏறிட்டேன். வர வேண்டாம்னு சொன்னது வாய்ச்சொல்தான். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க.

இரவுப்பணி:
அப்படியானால் மூச்சு விடு. நீ இங்கே தங்கியிருக்கும் அனுமதி உன் கணவரை வைத்துக் குடிநுழைவு ஆணையம் கொடுத்தது, முதலாளி கொடுத்தது இல்லை. இந்த வேலை போனாலும் அது போகாது. 30 நாள், காம்பாஸ் எதுவும் உனக்குப் பொருந்தாது.

இன்றைக்கே உட்கார்ந்து எழுது. எத்தனை மணிக்கு அவள் வந்தாள், யார் எங்கே நின்றார்கள், என்ன வார்த்தை சொன்னாய், எந்தக் கையால் எந்தக் கையைப் பிடித்தாய், எத்தனை நொடி. தமிழில் சொன்னதைத் தமிழிலேயே எழுதிக் கீழே ஆங்கிலம் போடு. "அவள் கோபமாக இருந்தாள்" என்று எழுதாதே, கண்ணால் பார்த்ததை எழுது. நகம் கீறியதை மறைக்காதே. அங்கே கேமரா இருக்கும். நீ எழுதியதும் அது காட்டுவதும் ஒன்றாக இருந்தால் உன்னை நம்புவார்கள். அறிக்கை தாமதமானதற்கான காரணத்தையும், அழுததையும் சேர்த்து, அப்படியே எழுது. அவளைக் காயத்துக்குப் பார்த்தார்களா என்றும் விசாரி. முதல் கவலை அதுவாக இருக்கட்டும், உள்ளே போனதும் முதல் கேள்வியும் அதுவாக இருக்கட்டும்.

மேற்பார்வையாளருக்கு ஒரு சின்ன மின்னஞ்சல்: வர வேண்டாம் என்று சொன்னதை எழுத்தில் தரச் சொல்லி, இந்த நாள்களுக்குச் சம்பளம் எப்படி என்று கேள். வேலை நியமனச் சட்டப்படி, ஒழுங்கு விசாரணைக்காக ஒதுக்கிவைப்பது பொதுவாக ஒரு வாரம் வரைதான், அந்நாள்களில் பாதிச் சம்பளமாவது தரணும். தவறு இல்லை என்று முடிவானால் பிடித்ததையும் திருப்பித் தரணும். உன் தரப்பைக் கேட்காமல் நீக்கினால் வேலைத் தகராறுகளைக் கவனிக்கும் டேடம் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் கொடுக்கணும், தள்ளிப்போடாதே.

கணவரிடம் இன்று ராத்திரியே சொல். வியாழன் அன்று அவர் பக்கத்துக் காப்பிக்கடையில் காத்திருக்கட்டும்.

பழைய காக்கி:
சரியாகச் சொன்னீர்கள். கேமரா இருப்பதை நினைக்காமல் நான் அவசரப்பட்டுவிட்டேன். அம்மா, உள்ளே போய் என்னைப் போல் வாதாடாதே, எழுதியதை வாசி.

காவிரிக்கரை:
நேத்து ராத்திரி சொல்லிட்டேன். திட்டுவாருன்னு பயந்தேன், அவர் டீ போட்டுக் கொடுத்தார். மூணு பக்கம் எழுதியிருக்கேன். எழுதும்போதுதான் ஞாபகம் வந்துச்சு, அவ ஓடறதுக்கு முன்னாடி என்கிட்ட "அக்கா, மணி என்ன"ன்னு ஒரு தடவை கேட்டா. நான் பதில் சொல்லல, ஆபீசர் பக்கம் திரும்பிட்டேன். அதையும் எழுதிட்டேன்.

இரவுப்பணி:
எழுதியது நல்லது. அறிக்கையிலிருந்து அந்த வரியை எடுக்காதே. நகத்தை ஒட்ட வெட்டு. வளையல், தொங்கட்டான் வேண்டாம். தாலிச்செயின் போடுகிறாயா? இழுத்தால் கழுத்தை அறுக்கும், எங்கள் இடத்தில் புதிதாகக் கல்யாணமாகி வந்த எல்லாப் பெண்களுக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன்.

காவிரிக்கரை:
நகம் வெட்டிட்டேன் அக்கா. செயின்லதான் கோத்திருக்கேன். கழட்டினா அத்தை வருத்தப்படுவாங்க. என்ன பண்றது?

இரவுப்பணி:
கழற்ற வேண்டாம். வேலை நாளில் மட்டும் மஞ்சள் கயிற்றில் கோத்து, குட்டையாகக் கட்டிச் சட்டைக்குள் விடு, இழுத்தால் கயிறு அறும். கேம்பல் லேன் பூக்கடைகளில் கேட்டால் கிடைக்கும்.