ஸ்கைரிம் வீடியோ கேமில் வரும் ப்ரொவென்டஸ் கோழையா?

கேள்வி, கோத்தகிரியிலிருந்து:
இரண்டு நாளாக மழையும் மூடுபனியும். கரண்ட் இருக்கும் நேரமெல்லாம் ஸ்கைரிம்தான். டிராகன் செய்தியை வைட்ரன் நகர அரண்மனையில் சொன்னேன். ரிவர்வுட் கிராமத்துக்கு உடனே படை அனுப்பச் சொல்கிறாள் ஆட்சியாளரின் மெய்க்காவலாளி ஐரிலெத். ஆலோசகர் ப்ரொவென்டஸ் குறுக்கே வந்து தடுக்கிறார். ஊரே எரியப்போகிறது, இவருக்கு என்ன பயம்?

பதில், குன்னூரிலிருந்து:
அவர் பயப்படுவது டிராகனுக்கு அல்ல, பக்கத்துப் பகுதியான ஃபால்க்ரீத்துக்கு. படை நகர்ந்தால், நாம் கலகத் தலைவன் உல்ஃப்ரிக் பக்கம் சேரப்போகிறோம் என்று அங்கிருக்கும் யார்ல் (ஆட்சியாளர்) நினைத்துவிடுவார் என்கிறார். உள்நாட்டுப் போர் நடக்கும்போது அது நியாயமான கவலைதான்.

என் அப்பா 30 வருடம் தேயிலை எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளை. மேனேஜர் முடிவெடுக்கும் முன்னால், "இப்படிச் செய்தால் இன்னது வரும்" என்று சொல்வார். அதற்காகப் பல தடவை திட்டு வாங்கியிருக்கிறார். வைட்ரன் யார்ல் பால்க்ரூஃப் "போதும்" என்று அதட்டியதும், என் வேலையைப் பார்க்கப் போகிறேன் என்கிறாரே ப்ரொவென்டஸ், அந்த இடத்தில் எனக்கு அப்பா முகம்தான் தெரிந்தது.

அப்புறம், கொல்லுப்பட்டறை வைத்திருக்கும் ஏட்ரியான் ப்ரொவென்டஸின் மகள். யார்லுக்காக அவள் அடித்த வாளை அப்பாவிடம் கொடுக்கச் சொல்லி நம்மிடம் தருவாள். அதைக் கொடுத்துவிட்டு அவரிடம் பேசிப் பாருங்கள்.

பதில், கூடலூரிலிருந்து:
வைட்ரனில் ப்ரீஸ்ஹோம் வீட்டை விற்பவரும் இவரே, விலை 5,000 தங்கம். உல்ஃப்ரிக்கின் ஸ்டார்ம்கிளோக் படை ஊரைப் பிடித்தால் அந்தப் பதவிக்கு ப்ரில் என்பவர் வந்துவிடுவார்.

கோத்தகிரி:
வாள் இன்னும் என் பையில்தான் இருக்கிறது. கரண்ட் வந்ததும் முதல் வேலை அதுதான்.