பழைய டைல்ஸ் மேலேயே பாத்ரூம் பேனல் ஒட்டலாமா? எந்த ஷீட், எப்படி?

வேளச்சேரி மூணாம் மாடி:

வணக்கம். 20 வருஷ அபார்ட்மென்ட். பாத்ரூம் 5க்கு 7 அடி. 5 அடி சுவரில் ஒரு மூலையை ஒட்டி இரண்டரை அடி கதவு. சுவர் முழுக்க 12க்கு 8 இன்ச் பழைய செராமிக் டைல்ஸ், நெட்டா ஒட்டி 7 அடி உயரம் வரைக்கும் இருக்கு. போர் தண்ணிதான், அதனால டைல்ஸ் பூரா உப்புக்கறை. ஷவர் சுவருக்குப் பின்னாடி பெட்ரூம். அங்கே தரையிலிருந்து ஒன்றரை அடிக்குப் பெயின்ட் உப்பிப் பொரிஞ்சு கொட்டுது. குழாய் எல்லாம் சுவருக்குள்ள ஓடுற ஜிஐ (ஜிங்க் பூசின இரும்பு).

டைல்ஸை உடைக்காம மேலேயே வாட்டர்ப்ரூஃப் பேனல் ஒட்டிடலாம், ஓதமும் நின்னுடும்னு கடையில் சொல்றாங்க. 10 இன்ச் அகல பிவிசி பேனல், 8க்கு 4 அடி யுவி மார்பிள் ஷீட் (மார்பிள் மாதிரி தெரியிற பிவிசி), டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த) வரிப் பலகை மூணும் காட்டினாங்க. எதை எடுக்கலாம்? எவ்வளவு வாங்கணும்? ஒட்டும்போது எதைக் கவனிக்கணும்?

பைப்லைன்:

சார், ஷீட் விஷயத்துக்கு அப்புறம் வரலாம். பெட்ரூம் பக்கம் ஓதம் ஏறியிருக்குன்னா தண்ணி டைல்ஸுக்குப் பின்னாடி ஓடுதுன்னு அர்த்தம். பேனல் முன்னாடி வர்ற தண்ணியைத்தான் தடுக்கும். பின்னாடி இருக்கிற தண்ணிக்கு டைல்ஸ் ஜாயிண்ட் வழியா காய்ற கொஞ்சநஞ்ச வழியையும் அது அடைச்சிடும். மிச்சம் இருக்கிற ஒரே வழி பெட்ரூம் பக்கம். ஒன்றரை அடி பொரிஞ்சது மூணு அடி ஆகும்.

தண்ணி எங்கிருந்து வருதுன்னு இரண்டு சோதனையில் தெரிஞ்சிடும்.

முதலாவது குழாய். மிக்சரை (சுடுதண்ணியும் பச்சைத்தண்ணியும் கலக்குற குழாய்) கழட்டுங்க, கீசர் கனெக்‌ஷன் இரண்டையும் கழட்டுங்க. எல்லா வாயிலும் டம்மி பிளக் போட்டு, ஒரு வாயில் மட்டும் ஹேண்ட் பம்ப் மாட்டச் சொல்லுங்க. ஹாட் லைன், கோல்டு லைன் தனித்தனியா பார்க்கணும். மிக்சரை விட்டுட்டுப் பார்த்தா இரண்டும் ஒண்ணோட ஒண்ணு கலந்து, எதில் ஓட்டைன்னு தெரியாது. மாடி டேங்க் உங்க குழாய் வாய்க்கு 10 மீட்டர் மேல இருந்தாலும் லைனுக்கு வர்றது 1 கிலோ அழுத்தம்தான். அதனால பழைய லைனுக்கு 5 கிலோ ஏத்தினா தாராளம். அரை மணி நேரம் முள் அசையக்கூடாது. ஏத்தின உடனே கொஞ்சம் இறங்கினா லைனில் காத்து இருக்கும், அதை வெளியேத்திட்டு மறுபடி ஏத்துங்க. அப்பவும் இறங்கிட்டே போனா ஓட்டை உறுதி.

இரண்டாவது தரை. நகானி ட்ராப்பை (தரையில் தண்ணி வெளியேறுற வாய்) துணிப்பந்து வச்சு இறுக்கி அடைச்சு, 2 இன்ச் தண்ணி கட்டி 24 மணி நேரம் விடுங்க. கீழ் வீட்டுக்காரங்ககிட்ட முதல்லயே சொல்லிடுங்க, அவங்க சீலிங்கைப் பார்க்க வேண்டியிருக்கும். பெட்ரூம் சுவரில் இப்ப ஈரம் நிக்கிற எல்லையைப் பென்சிலால் கோடு போட்டு வச்சா, ஏறிச்சா இல்லையான்னு சந்தேகமே இருக்காது.

போர் தண்ணியில் 20 வருஷம் ஓடின ஜிஐ குழாய் மரை (ஸ்க்ரூ வரி) வெட்டின இடத்தில்தான் முதல்ல ஓட்டையாகும். மரை வெட்டும்போதே அங்கே கனம் குறைஞ்சிடும், ஜிங்க் பூச்சும் போயிடும். அந்த மரை எல்லாமே எல்போ, டீங்கிற இணைப்புத் துண்டுகளில் இருக்கு, அதாவது சுவருக்குள்ள. இந்தச் சோதனை முடியாம ஒரு ஷீட்கூட வாங்காதீங்க.

ஒட்டுவேலை:

மேல சொன்னது அத்தனையும் சரி. அது முடிஞ்சதுன்னு வச்சுக்கிட்டு ஷீட்டைப் பத்திச் சொல்றேன்.

10 இன்ச் பிவிசி பேனல் உள்ள பொந்து. கனம் 8 மி.மீ.ன்னு சொல்வாங்க, ஆனா முகத் தகடு மெல்லிசுதான். வாளி விளிம்பு இடிச்சா குழி விழும், ஸ்க்ரூ நிக்காது. குழாய்க்கு ஓட்டை போட்ட இடத்தில் தண்ணி உள்ள போனா அந்தப் பொந்து வழியா இறங்கி அடியில் தேங்கி நாத்தம் எடுக்கும். சீலிங்குக்கு அருமையான சாமான், ஷவர் சுவருக்கு வேண்டாம். இன்னொண்ணு, அது 10 அடி நீளத்தில் வரும். உங்களுக்குத் தேவை ஆறு, ஏழு அடி. ஒவ்வொண்ணுலயும் மூணு நாலு அடி வீண்.

வரிப் பலகையை பாத்ரூமுக்குள்ள நினைக்கவே வேண்டாம். பள்ளத்தில் சோப்பு அழுக்கும் உப்பும் படிஞ்சா பிரஷ்ஷால கூட எடுக்க முடியாது.

யுவி மார்பிள் ஷீட் 3 மி.மீ., பொந்து கிடையாது, ஜாயிண்டும் குறைவு. என் ஓட்டு இதுக்குத்தான். கறுப்பு, கரும்பழுப்பு எடுத்துடாதீங்க. போர் தண்ணி காய்ஞ்ச ஒவ்வொரு துளியும் வெள்ளைப் புள்ளியா தெரியும். வெளிர் சாம்பல், தந்த நிறத்தில் அவ்வளவு தெரியாது.

தரையிலிருந்து முதல் வரிசை டைல்ஸை, அதாவது 1 அடியை, மூடாம விடுங்க. நம்ம பாத்ரூமில் வாளித் தண்ணி தரையிலேயே அடிச்சுக்கிட்டு இருக்கும். சுவரும் தரையும் சேர்ற மூலைதான் முதல்ல விரிசல் விடும், அது கண்ணுக்குத் தெரியணும். ஷீட் அதுக்கு மேல ஆரம்பிச்சு டைல்ஸ் மேல படிஞ்சு நிக்கட்டும். கூரையில் மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல படியிற மாதிரி. ஷீட்டில் வழியிற தண்ணி டைல்ஸில் விழும், டைல்ஸிலிருந்து தரைக்கு, தரையிலிருந்து வாட்டம் பிடிச்சு ட்ராப்புக்கு. 7 அடிக்கு மேலயும் போகாதீங்க. டைல்ஸ் முடியிற இடத்தில் சுவர் உள்வாங்கும், ஷீட் அந்தரத்தில் நிக்கும். ஆக ஒட்டப்போற உயரம் 6 அடி.

கணக்கு: 7 அடி சுவர் ஒவ்வொண்ணுக்கும் 4+3ன்னு இரண்டு ஷீட், ஆக நாலு. மிச்சம் 1 அடி அகலத் துண்டு இரண்டு கிடைக்கும். பின்பக்க 5 அடி சுவருக்கு ஒரு முழு ஷீட்டும் அந்த 1 அடித் துண்டில் ஒண்ணும். கதவுச் சுவரில் மிச்சம் இரண்டரை அடி, அதுக்கு ஒரு ஷீட். மொத்தம் ஆறு. மார்பிள் வரி துண்டு சேரும் இடத்தில் ஓடாது, அதனால 1 அடித் துண்டைக் கதவைத் திறந்ததும் கண்ணில் படாத மூலைக்குத் தள்ளுங்க. 8 அடி பீடிங்கில் (ஷீட் ஓரத்தைப் பிடிக்கிற பட்டை) உள்மூலை 3, நடு ஜாயிண்டுக்கான எச் பீடிங் 3, ஓரத்துக்கு 5.

ஷீட் வந்ததும் மொட்டை மாடியில் வைக்காதீங்க. இரண்டு நாள் வீட்டுக்குள்ள தரையில் படுக்கப் போடுங்க. சாத்தி வச்சா வளைஞ்சிடும். பிவிசி ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒவ்வொரு டிகிரிக்கும் 0.06 முதல் 0.07 மி.மீ. வரை நீளும். வெயிலில் சூடானதை அப்படியே அளந்து வெட்டி ஒட்டினா, ராத்திரி குளிர்ந்ததும் ஜாயிண்ட் வாய் திறக்கும். இறுக்கி வெட்டினதை மதியச் சூட்டில் பார்த்தா நடுவில் வயிறு தள்ளி நிக்கும். பீடிங்குக்குள்ள எல்லா ஓரத்திலும் ஒரு நூல் (3 மி.மீ.) இடைவெளி விட்டுட்டா இரண்டு தொல்லையும் இல்லை.

டைல்ஸை ஒவ்வொண்ணா ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்க. பானையைத் தட்டின மாதிரி சத்தம் வந்தா உள்ள காலி. அதை எடுத்துட்டு டைல் அட்ஹெசிவ் போட்டு சமமா நிரப்புங்க. உப்புக்கறையை முழுசா எடுக்கணும், இல்லன்னா பசை உப்பைத்தான் பிடிக்கும், டைல்ஸைப் பிடிக்காது. கழுவிக் காய்ஞ்சதும் 80 நம்பர் எமரித் தாளால் பளபளப்பு போகத் தேய்ச்சு, தின்னர் தொட்ட துணியால் துடைங்க.

பசைக்கு எம்எஸ் பாலிமர் அல்லது நியூட்ரல் சிலிகான். திறந்ததும் வினிகர் மாதிரி புளிப்பு வாடை அடிக்கிற சிலிகான் வேண்டாம், அது சிமென்டையும் உலோகத்தையும் அரிக்கும். மர வேலைக்குப் பூசுற ரப்பர் பசையும் வேண்டாம். டைல்ஸுக்கும் ஷீட்டுக்கும் நடுவில் அதிலுள்ள தின்னர் வெளியேற வழியில்லாம கொப்புளம் விடும்.

பசையை மேலிருந்து கீழா, நெட்டுக் கோடாத்தான் போடணும். ஒரு ஷீட்டுக்கு 6 கோடு, 6 மி.மீ. கனம். இந்தப் பசை காத்தில் இருக்கிற ஈரத்தை எடுத்துத்தான் இறுகும். கோடுகளுக்கு நடுவில் இருக்கிற சந்து வழியாதான் அந்தக் காத்து போகும். பின்னாடி தப்பித் தவறி இறங்கின தண்ணியும் அதே சந்து வழியா கீழ வந்துடும். குறுக்குக் கோடு போட்டா ஒவ்வொரு கோடும் ஒரு குட்டி அணை. 6 அடி உயரத்துக்கு ஒரு ஷீட்டுக்கு 300 மி.லி. ட்யூப் ஒண்ணு சரியா வரும். பீடிங்குக்கு மூணு சேர்த்து ஒன்பது வாங்குங்க. பசை இறுகுற வரைக்கும் ஷீட் நழுவாம இருக்க, இரண்டு நெட்டுக் கோட்டில் இரு பக்கமும் ஒட்டுற ஃபோம் டேப் போட்டுக்கலாம்.

வேளச்சேரி மூணாம் மாடி:

ரொம்ப நன்றி. சோதனை செஞ்சாச்சு. தரையில் கட்டின தண்ணிக்குப் பென்சில் கோடு தாண்டலை, கீழ் வீட்டு சீலிங்கும் காய்ஞ்சு இருக்கு. ஆனா கோல்டு லைன் 5 கிலோவிலிருந்து 20 நிமிஷத்தில் 3க்கு இறங்கிடுச்சு. குழாயை மாத்தணும்னா டைல்ஸை உடைச்சுத்தானே ஆகணும்? பேனல் ஒட்டின பிறகு மிக்சரும் கீசரும் எப்படி நிக்கும்? பாத்ரூமை ஆசிட் ஊத்திக் கழுவுறது வழக்கம், அது பரவாயில்லையா?

பைப்லைன்:

முழுசா உடைக்க வேண்டாம். பழைய ஜிஐயை இரண்டு முனையிலும் அடைச்சு சுவருக்குள்ளயே விட்டுடுங்க. ஹாட் லைனையும் சேர்த்து மாத்திடுங்க, அதுக்கும் அதே வயசுதான். புது சிபிவிசி பிளாஸ்டிக் குழாயை டைல்ஸுக்கு மேல, 7 அடிக்கு மேல் சுவரில் ஓட்டி, மிக்சர் இருக்கிற இடத்தில் மட்டும் நேர் கீழா இரண்டு காடி (சுவரில் வெட்டுற பள்ளம்) எடுத்து இறக்குங்க. ஒன்றரை இன்ச் ஆழம் போதும். முனையில் பித்தளை மரை வச்ச எல்போ, இரண்டுக்கும் மையத்துக்கு மையம் 150 மி.மீ. ஷீட் கனத்தையும் பசைக் கனத்தையும் சேர்த்து எல்போ வாயை வெளியே தள்ளி வைக்கணும். இப்ப இருக்கிற டைல்ஸ் மட்டத்துக்கே வச்சுட்டா கடைசியில் எக்ஸ்டென்ஷன் நிப்பிள் தேடி அலையணும், அந்த மரையில் இன்னொரு கசிவுக்கும் இடம். காடியை மூடறதுக்கு முன்னாடி அதே பம்பை மாட்டிச் சோதிச்சுடுங்க. அப்புறம் சிமென்ட் பூசி, தண்ணி விட்டு ஆறவச்சு, காய்ஞ்ச பிறகு வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் இரண்டு கை அடிக்கணும். அந்த இடத்தில் டைல்ஸ் இல்லாததால் சுவர் திறந்து கிடக்கு.

தரை நல்லா இருக்கிறதால கீழ் வரிசை டைல்ஸை உடைக்க வேண்டாம். ஜாயிண்டை ஆழமா சுரண்டி எடுத்துட்டு எபாக்சி கிரவுட் போடுங்க.

நூல்கயிறு:

மிக்சர் ஓட்டைக்கு ஷீட்டில் நேரடியா கை வைக்காதீங்க. முதல்ல அட்டையில் வெட்டி, சுவரில் பிடிச்சுப் பார்த்து, சரியா உட்கார்ந்தா அதை ஷீட் மேல வச்சு வரைங்க. ஓட்டை போடுற இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, முகப்பக்கத்திலிருந்து ஹோல் சாவை மெதுவா ஓட்டணும். பின்பக்கத்திலிருந்து துளைச்சா பளபளப்புத் தோல் பிய்ஞ்சு வரும். குழாயைவிட ஒரு நூல் பெரிசா ஓட்டை இருக்கட்டும். ஃப்ளான்ஜை (குழாயைச் சுத்தி மூடுற வட்டத் தகடு) மாட்டறதுக்கு முன்னாடி அந்தச் சந்து முழுக்க சிலிகான் நிரப்பணும். ஃப்ளான்ஜை மாட்டிட்டு அதைச் சுத்தி ஒரு கோடு இழுத்துவிட்டா வெளியே அழகா இருக்கும், உள்ள திறந்துதான் இருக்கும். நான் பார்த்த வரைக்கும் பேனலுக்குப் பின்னாடி தண்ணி போறதில் பாதிக்கு மேல இந்த ஓட்டை வழிதான்.

15 லிட்டர் கீசர் தண்ணியோட 25 கிலோ பக்கம் வரும். அந்த எடை ஷீட்டில் தொங்கக்கூடாது, ஆங்கர் ஃபாஸ்ட்னர் செங்கல்லுக்குள்ள பிடிக்கணும். கீசர் வர்ற இடத்தில் மட்டும் ஷீட்டுக்குப் பின்னாடி பசையைக் கோடா இல்லாம முழுசா பரப்பிடுங்க, இல்லன்னா நட்டை இறுக்கும்போது ஷீட் உள்வாங்கி உடையும். ஷீட் ஓட்டை போல்ட்டைவிடக் கொஞ்சம் பெரிசா இருக்கணும். பிவிசி 75, 80 டிகிரியில் இளகும், அதனால சூடான குழாய் ஷீட்டை உரசாம இருக்கட்டும்.

ஆசிட் கூடவே கூடாது சார். இந்த ஷீட்டில் பிவிசியோட சுண்ணாம்புக்கல் பொடி நிறைய கலந்திருக்கு. வெட்டின ஓரத்திலும் கீறலிலும் ஆசிட் பட்டா அந்தப் பொடி நுரைச்சுக் கரையும், ஓரம் வெளுத்து உதிரும். சோப்புத் தண்ணி, மெத்துத் துணி, குளிச்சு முடிச்சதும் ரப்பர் வைப்பரால் ஒரு இழுப்பு. தண்ணி காயாம இருந்தாலே உப்பு படியாது. கம்பி நார் பட்டா யுவி பூச்சு போயிடும், போனா திரும்ப வராது.

சிலிகானை மேல் ஓரம், மூலை, நடு ஜாயிண்ட் எல்லாத்திலும் முழுசா போடுங்க. கீழ் ஓரத்தில் மட்டும் இரண்டு அடிக்கு ஒரு இடத்தில் ஒரு இன்ச் விட்டுப் போடணும். ஒட்டின ஆள் அதை மறந்துபோச்சுன்னு நினைச்சு அடைச்சிடப் போறார், முன்னாடியே சொல்லி வைங்க. பின்னாடி எங்கயாவது கசிஞ்சா அந்தச் சந்தில்தான் முதல்ல ஈரம் தெரியும்.

வேளச்சேரி மூணாம் மாடி:

பெட்ரூம் சுவரை எப்ப பெயின்ட் அடிக்கலாம்?

பைப்லைன்:

உப்பின பூச்சை ஈரக் கோட்டுக்கு ஒரு அடி மேல வரைக்கும் கொத்திட்டு, செங்கல் தெரிய அப்படியே விடுங்க. புது லைன் ஓட ஆரம்பிச்ச பிறகு, 2 அடிச் சதுரத்துக்கு ஒரு பாலித்தீன் கவரை நாலு பக்கமும் டேப் போட்டு அந்த இடத்தில் ஒட்டி வைங்க. ஒரு நாள் கழிச்சு உள்பக்கம் முத்து முத்தா வேர்த்திருந்தா இன்னும் காயலை. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை இப்படிப் பாருங்க. கவர் காய்ஞ்சு வந்த பிறகுதான் பூச்சு, அது ஆறின பிறகு பட்டி, அதுக்கப்புறம்தான் பெயின்ட்.